குளிசை முதல், மனசு பிறகு: தீராத வருத்தம் பற்றிய கேள்வி பதில்

கொழும்பில் 26 வருடம் தாதியாக இருந்தேன், அதில் கடைசிப் பத்து வருடம் நீரிழிவு கிளினிக்கில். 49 வயதில் எனக்கே ருமட்டொயிட் மூட்டுவாதம் வந்தது. மற்றவர்களுக்கு நான் சொல்லிவந்த ஆறுதல் ஒன்றும் எனக்கு வேலை செய்யவில்லை என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். தீராத வருத்தம், அதாவது நோய், என்று தெரிந்தபின் மனசு படும் பாட்டைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

வெள்ளவத்தை, 38 வயது: எனக்கும் மூட்டுவாதம்தான் அக்கா. சொல்லி மூன்று மாதம். மூன்று இடத்தில் இரத்தம் கொடுத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே முடிவு. மனசு ஏற்றுக்கொண்ட பிறகு மருந்தைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

வேண்டாம் தங்கச்சி, இந்தக் கிழமையே தொடங்குங்கள். முதல் குளிசையை விழுங்கினால் வருத்தத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. மூட்டுவாதத்துக்கு எனக்குத் தந்த மெதோட்ரெக்ஸேட் குளிசைப் பெட்டியைச் சாமித்தட்டில் 11 நாள் வைத்திருந்தேன், தாதியாக இருந்தும்! இந்த வருத்தத்தில் அரிபட்ட மூட்டு பழையபடி வராது. தொடங்கிய முதல் சில மாதங்களில் மருந்து எடுத்தால்தான் அதைத் தடுக்க நல்ல வாய்ப்பு. மனசு ஆற ஒரு வருடம் எடுக்கலாம், விரல்கள் அதுவரை பொறுக்காது. அழுதுகொண்டே விழுங்கினாலும் குளிசை வேலை செய்யும். ஒன்று மட்டும் கவனம்: மெதோட்ரெக்ஸேட் தந்தால் அது கிழமைக்கு ஒரே ஒரு நாள். தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் அந்த அழுகை. ஆள் செத்தால் எட்டுச்செலவு, அந்தியேட்டி என்று துக்கத்துக்கு நாள் குறித்து வைத்திருக்கிறோம். உடம்பின் பழைய சுகம் போனால் அப்படி ஒரு நாளும் இல்லை, சாப்பாடு கொண்டுவரும் அயலவரும் இல்லை. அதனால்தான் மூன்று மாதம் கழித்தும் கண் கலங்குவது நமக்கே வெட்கமாகிவிடுகிறது. வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. வருத்தம் உண்மையா என்று பார்க்க நான்காவது இரத்தப் பரிசோதனை மட்டும் வேண்டாம்.

தெஹிவளை: துக்கத்துக்கு, மறுப்பில் தொடங்கி ஏற்றுக்கொள்வது வரை, ஐந்து படி என்று வாசித்தேன். நான் எந்தப் படியில் நிற்கிறேன்?

ஒரு படியிலும் இல்லை. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து. நீங்களும் நானும் வருத்தத்தோடு பல வருடம் வாழப் போகிறவர்கள். காலையில் சமாதானம், பின்னேரம் கோபம், அடுத்த கிளினிக் நாளில் திரும்ப முதலிலிருந்து. அப்படித்தான் போகும்.

கொட்டாஞ்சேனை, 27 வயது: லூபஸ் இருக்கிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் வருத்தம். கலியாணம் பேசுகிறார்கள். அம்மா மறைக்கச் சொல்கிறா.

அம்மாவைத் திட்டாதீர்கள், அவவின் பயம் நியாயமானது. எங்கள் ஆட்கள் சாதகத்துக்கு முன்னமே "பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ" என்று விசாரிப்பவர்கள்தான். ஆனால் இதை மறைக்க முடியாது மகள். லூபஸ் அடங்கி ஆறு மாதமாவது ஆன பிறகே கருத்தரிக்கச் சொல்வார்கள். மைக்கோபினோலேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும், முன்கூட்டியே மாற்ற வேண்டும். லூபஸுக்குத் தரும் ஹைட்ரொக்ஸிகுளோரோகுயினைப் பொதுவாகக் கர்ப்பத்திலும் தொடர்வார்கள். இதையெல்லாம் புருஷனுக்குத் தெரியாமல் எப்படிச் செய்வீர்கள்?

புரோக்கரிடம் சொல்லத் தேவையில்லை. பொடியனோடு இரண்டாம் தரம் பேசும்போது நீங்களே சொல்லுங்கள். தாலிக்குப் பிறகு குளிசையை ஒளித்து ஒளித்து, கடைசியில் அதை நிற்பாட்டியே விட்ட பெண்களைக் கண்டிருக்கிறேன். ஓடிப்போகிறவன் இப்போதே ஓடட்டும்.

மருதானை: வாப்பாவுக்கு 58 வயது, சீனி வருத்தம். தனக்கு ஒன்றுமில்லை என்று கிளினிக் கொப்பியை ஒளித்து வைக்கிறார்.

வீட்டில் எல்லோரும் அவருடைய தேநீர்க் கோப்பையைப் பொலிஸ் மாதிரிப் பார்க்கிறீர்களா? முதலில் அதை விடுங்கள். இப்படி மறுப்பவர்களில் நான் கண்ட பலர், சொந்தத்தில் யாருக்கோ கால் எடுத்ததைக் கண்டவர்கள். எதற்குப் பயம் என்று ஒரு நாள் தனியாகக் கேட்டுப் பாருங்கள். நோன்பு பிடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கும் சாக்கில் கூட்டிக்கொண்டு போகலாம். அந்தச் சாக்குக்கு எங்கள் கிளினிக்குக்கு வந்த வாப்பாமார் பலர். வந்தால் எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை எடுங்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி அளவின் சராசரி என்பதால் முதல் நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது.

வத்தளை: 11 வயது மகளுக்கு டைப் 1 நீரிழிவு. நான் இனிப்புக் கொடுத்ததாலா?

இல்லை. இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழிப்பதால் வருவது அது. இனிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1922 வரை இந்தப் பிள்ளைகளுக்கு ஊசியே கிடையாது, இன்றைக்கு இருக்கிறது. மகளுக்கு முன்னால் மட்டும் "நான் செய்த பாவம்" என்று சொல்லாதீர்கள். பிள்ளை தன்னையே பாவம் என்று எடுத்துக்கொள்ளும்.

பெயர் ஊர் சொல்லாத ஒருவர்: இரவில் விடியவே வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருகிறது. அதற்கும் மருந்து இருக்கிறது. கிளினிக்கில் கால், கண் எல்லாம் கேட்பார்கள், நித்திரை வருகிறதா என்று கேட்க நேரம் இராது. கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி: அன்ரி, நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்களா?

அநேகமான நாட்களில். போன தைப்பொங்கலுக்குத் தேங்காய் திருவ உட்கார்ந்தேன், அரை மூடியிலேயே கை விட்டுவிட்டது. கோபத்தில் எழும்பிப் போய்விட்டேன். மகன் ஒன்றும் பேசாமல் மிச்சத்தைத் திருவினான், சிரட்டைத் தூளும் சேர்த்து. பாலில் கறுப்பு கறுப்பாக மிதந்தது. அப்படியே பொங்கினோம்.