ஆண்களுக்கான மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சையில் என்ன எதிர்பார்க்கலாம்? மிகவும் வலிக்குமா? மறுபடியும் வளருமா?

பெயரை மறைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அதிலேயே தெரிகிறது, இருபது இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு தேடியிருப்பீர்கள். என் கணிப்பு தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி, நான் அப்படித்தான் தேடினேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவன் அல்ல. குடியாத்தத்தில் கைத்தறி நெசவாளர் வீட்டுப் பிள்ளை, ஆம்பூரில் கணக்கு எழுதும் வேலை. 2019இல், 25 வயதில், வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் செய்துகொண்டேன். வேலூர் மாவட்டத்தை மூன்றாக அறுத்ததும் அதே ஆண்டுதான். எந்த மருத்துவமனை என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பார்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்திலேயே குழித்தறி இருக்கிறது. கைலி நெய்கிறார்கள். தறியில் உட்காரும் ஆண்பிள்ளை சட்டை போடமாட்டான், எங்கள் ஊர் வெயிலுக்குப் போடவும் முடியாது. அப்பா, பெரியப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் எல்லோரும் வெற்று மார்போடு இருக்க, 14 வயதிலிருந்து நான் மட்டும் ஒரு பனியன், அதன்மேல் இன்னொரு பனியன், அதன்மேல் சட்டை. மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்யா ஆற்றில் தண்ணீர் வந்தால் தெருவே குளிக்கக் கிளம்பும். எனக்கு அன்று பார்த்துக் காய்ச்சல் வந்துவிடும். ஒரு வருடம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் பின்னாலிருந்து எவனோ கையை விட்டுக் கிள்ளிவிட்டுச் சிரித்தான். யாரென்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளியில் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுதமாட்டேன்.

“ஓடினால் கரைந்துவிடும், இதற்குப் போய்க் கத்தியா?” என்று கீழே எழுத விரலை நீட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: ஓடினேன் ஐயா. வேலூரில் படித்த மூன்று வருடமும் விடியற்காலையில் கோட்டை அகழியை ஒட்டி ஓடினேன். 11 கிலோ குறைந்தது. வயிறு போயிற்று, கன்னம் ஒட்டிப்போயிற்று. மார்பு மட்டும் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. வெறும் கொழுப்பு என்றால் எடை குறையும்போது அதுவும் குறையும். காம்புக்கு அடியில் ரப்பர் வில்லை போல ஒன்று கையில் தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. அதற்கு உங்கள் ஓட்டமும் தெரியாது, பட்டினியும் தெரியாது. இதெல்லாம் இந்தக் காலத்து அலங்காரம் என்பவர்களுக்கும் ஒன்று: ஏழாம் நூற்றாண்டில் ஈஜினா பவுல் என்ற கிரேக்க மருத்துவர் இந்த அறுவையை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்திலும் எவனோ ஒருவன் மேலாடையைக் கழற்றக் கூசித்தான் இருந்திருக்கிறான்.

வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு மூன்று நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள், வேலூரில் வைத்தியம் பார்க்க. முப்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருந்த எனக்கு வந்து சேரப் பதினொரு வருடம் ஆயிற்று.

மருத்துவர் உடனே தேதி கொடுத்துவிடுவார் என்று நினைக்காதீர்கள், கொடுத்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். தைராய்டு, கல்லீரல், ஹார்மோன்கள் என்று இரத்தப் பரிசோதனை, மார்புக்கு ஸ்கேன். விதைப்பையையும் கையால் தொட்டுப் பார்த்தார். எனக்கு உயிர் போயிற்று. ஆனால் அங்கே வரும் கட்டியாலும் மார்பு வளரலாம் என்று அவர் சொன்னபோது, பார்க்காமல் விடும் மருத்துவரிடம் போகாததே நல்லது என்று பட்டது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாய், ஜிம்மில் ஊசி போட்டாயா, குடிக்கிறாயா என்று கேட்பார். பொய் சொல்லாதீர்கள். ஸ்டீராய்டு ஊசியும் சில இதய, வயிற்றுப்புண் மாத்திரைகளும் கூட இதற்குக் காரணமாகலாம். காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ தடித்து வளர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், தழும்பும் அப்படி ஆகக்கூடும். ஒருவேளை தம்பிக்காகவோ மகனுக்காகவோ கேட்கிறீர்கள், அவனுக்கு 13, 14 வயது என்றால் அவசரம் வேண்டாம். அந்த வயதில் வருவது பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். என்னுடையது வடியாத வகை. மாத்திரை தொடக்கத்தில் சிலருக்கு உதவுமாம். பல வருடம் ஆகி நாராக இறுகிப்போனதற்குக் கத்திதான் வழி.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் நிற்க வைத்துப் பேனாவால் மார்பில் வட்டம் வட்டமாக வரைந்தார்கள். பக்கவாட்டில் சிறு துளை போட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் பிறைபோல வெட்டிச் சுரப்பியை எடுக்கிறார்கள். கருந்தோலும் வெளுத்த தோலும் சேரும் இடம் என்பதால் தழும்பு அங்கே ஒளிந்துகொள்ளும். என்னுடையது இன்று தேடினால்தான் கிடைக்கும். காம்புக்கு அடியில் கொஞ்சம் திசுவை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். முழுவதும் வழித்தெடுத்தால் அங்கே தட்டுப் போலக் குழி விழுந்துவிடும். இது தெரியாமல் நான் மூன்றாம் நாள் தொட்டுப் பார்த்து, ஏமாற்றிவிட்டார்கள் என்று அழுதேன்.

வலி? பல்வலி அளவுகூட இல்லை. யாரோ மார்பில் ஓங்கி மிதித்துவிட்டுப் போனது போலக் கனம், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் குழாய் வைத்து அடியில் சின்னக் குடுவை, அதில் சிவப்பாக நீர் சொட்டும். இரண்டாம் நாள் எடுத்தார்கள். பிறகு இடப்பக்கம் மட்டும் நீர் கோத்துக்கொண்டு, ஊசியால் இழுக்க வேண்டி வந்தது. மார்பு முழுவதும் நாவற்பழ நிறம், பிறகு மஞ்சள், அது மெல்ல வயிற்றுக்கு இறங்கும். பயப்படாதீர்கள். ஆனால் ஒரு பக்கம் திடீரென்று பந்து போல வீங்கி வலித்தாலோ காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள்.

உண்மையான சித்திரவதை அழுத்தப் பனியன். இரவு பகலாக ஆறு வாரம், குளிக்க மட்டும் கழற்றலாம். நான் அறுவை செய்துகொண்டது கத்திரி தொடங்கிய வாரம். வேலூரில் கத்திரி என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சுவரே சுடும். வேர்க்குரு வந்து, சொறியவும் முடியாமல், மல்லாந்தே படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருடமாக இரண்டு பனியன் போட்ட பாவத்துக்குக் கடைசியாக ஒரு பனியன். எங்கள் பக்கம் இருப்பவர் என்றால் கார்த்திகை, மார்கழியில் வைத்துக்கொள்ளுங்கள். பனியன் இரண்டு வாங்குங்கள், ஒன்று காயும்போது மற்றொன்று.

செலவு எனக்கு எல்லாம் சேர்த்து 70 ஆயிரத்தை ஒட்டி வந்தது. காப்பீட்டில் கேட்டேன், அழகு சிகிச்சை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாதிப் பணம் என் சேமிப்பு, மீதி அப்பா கொடுத்தது. “அப்பன் காசைக் கரைத்தாயா” என்று கேட்பவர்கள் கேளுங்கள், நானே என்னைக் கேட்டாயிற்று. அவரிடம் சொல்ல நான் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். கேட்டுவிட்டு, “இதற்கா இத்தனை வருடம் கூனிக்கொண்டு திரிந்தாய்?” என்றார். அவ்வளவுதான்.

வீடு திரும்பியதும் நான் தூங்கவேண்டும் என்று மூன்று நாள் தறியை நிறுத்திவிட்டார். நெசவாளி தறியை நிறுத்தினால் அந்த நாளுக்குக் கூலி கிடையாது, விடுப்பு என்ற சொல்லே அங்கே இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அப்பா முதுகை ஒடித்து நெய்யும் கைலியை, குளிரூட்டிய கடையில் ஒட்டியிருக்கும் விலைக்குச் சத்தமில்லாமல் வாங்குகிறீர்கள். அதையே தெருவில் தோளில் போட்டு விற்பவரிடம் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிற்கிறீர்கள். விசைத்தறித் துணிக்குக் கைத்தறி என்று முத்திரை குத்தி விற்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. விடுங்கள்.

ஒரு வாரத்தில் மேசை வேலைக்குப் போகலாம், நான் பத்தாம் நாள் போனேன். பைக் இரண்டு வாரம் கழித்து. தண்ணீர்க் குடம், சிலிண்டர் தூக்குவது, ஜிம் எல்லாம் ஆறு வாரம் கழித்து. பீடி, சிகரெட் உண்டென்றால் அறுவைக்கு முன்பே நிறுத்துங்கள், புண் ஆறாது. காம்பில் பல மாதம் உணர்ச்சி இருக்காது, திடீரென்று மின்சாரம் தொட்டது போலச் சுரீர் என்னும். உண்மையான வடிவம் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். அதுவரை தினமும் கண்ணாடி முன் நின்று அளந்து பார்க்காதீர்கள். இரண்டு பக்கமும் அச்சு வார்த்தாற்போல் இருக்காது, எனக்கு இல்லை. கூன் இன்னும் முழுதாக நிமிரவில்லை, அதற்கு அறுவை கிடையாது.

மறுபடி வளருமா என்று கேட்டீர்களே. எடுத்த சுரப்பி பொதுவாகத் திரும்பி வராது. உடம்பு பெருத்தால் கொழுப்பு சேரலாம், ஸ்டீராய்டு ஊசி போட்டால் மிச்சம் விட்ட திசு மறுபடி தலைதூக்கலாம். எனக்கு இதுவரை வரவில்லை. எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், ஆண்களுக்கும் அரிதாக மார்பகப் புற்று வரும் என்பதால். அந்த அறிக்கையை வாங்காமல் வந்துவிடாதீர்கள். என்னுடையதில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. ஆங்கிலத்தில் இருக்கும் அந்தத் தாளை அப்பா ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார்.