கேள்வி – பதில்: சிப்ஸ் பொட்டலத்தில் வந்த பேஸ்பால் அட்டைகள்

அமெரிக்காவில் ஒரு வட்டாரத்துக்கு மட்டும் என்றோ, ஒரு பொருளின் விளம்பரத்துக்காக என்றோ வெளிவந்த அரிய பேஸ்பால் அட்டைகளை, அதாவது ஆட்டக்காரர்களின் படம் தாங்கிய சேகரிப்பு அட்டைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: டாப்ஸ் நிறுவனத்தின் அட்டைகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். ஏலப் பட்டியல்களில் சாசேஜ், சிப்ஸ், பிஸ்கட், நாய் உணவு ஆகியவற்றின் பெயரோடு 1950களின் அட்டைகளைப் பார்க்கிறேன். உணவு நிறுவனங்கள் ஏன் பேஸ்பால் அட்டைகளை அச்சிட்டன?

பதில்: இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, ஒப்பந்தம் தொடர்பானது. டாப்ஸ், போமன் ஆகிய இரு நிறுவனங்களும் 1950களின் முற்பாதியில் ஆட்டக்காரர்களோடு ஒப்பந்தம் செய்து அவர்களைத் தம் பக்கம் இழுக்கக் கடுமையாகப் போட்டியிட்டன. 1956-இல் போமனை டாப்ஸே வாங்கிவிட்டது. ஆனால் இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் சூயிங் கம், மிட்டாய் ஆகியவற்றோடு விற்கும் அட்டைகளைப் பற்றியவை. சாசேஜ் பொட்டலத்துக்குள்ளோ சிப்ஸ் பைக்குள்ளோ ஓர் அட்டையை இலவசமாக வைப்பதை அவை தடுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் உணவு நிறுவனங்கள் நுழைந்தன.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் சுவையானதாகத் தோன்றுகிறது. 1953-இல் பிரேவ்ஸ் அணி பாஸ்டனை விட்டு மில்வாக்கிக்கு இடம்பெயர்ந்தது. முதல் ஆண்டிலேயே 18 லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே ஆட்டம் பார்க்க வந்தனர். அதே ஆண்டில் மில்வாக்கியின் ஜான்ஸ்டன் குக்கீஸ் நிறுவனம் அந்த அணிக்கென ஓர் அட்டைத் தொகுப்பை வெளியிட்டது. 1954-இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணி பால்டிமோருக்குப் போய் ஓரியோல்ஸ் ஆயிற்று. அங்கே எஸ்கே இறைச்சி நிறுவனத்தின் அட்டைகள் வந்தன. 1955-இல் அத்லெட்டிக்ஸ் அணி பிலடெல்பியாவிலிருந்து கான்சஸ் சிட்டிக்குச் சென்றபோது ரோடியோ மீட்ஸ் அட்டைகளும், 1958-இல் டாட்ஜர்ஸ் அணி புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குச் சென்றபோது பெல் பிராண்ட் சிப்ஸ் அட்டைகளும் அதே ஆண்டில் வெளிவந்தன. புதிதாக வந்த அணியை ஒரு நகரம் தன்னுடையதாக ஆக்கிக்கொண்ட வேகத்தை இந்த அட்டைகளில் காணலாம். நாடு முழுவதற்கும் அச்சிட்ட தொகுப்புகளில் இந்த நெருக்கம் கிடைப்பதில்லை. ஜான்ஸ்டன் குக்கீஸின் 1954 தொகுப்பு சட்டை எண்ணையே அட்டை எண்ணாகக் கொண்டிருந்தது. பின்னாளில் 44 என்ற எண்ணால் உலகறிந்த ஹாங்க் ஆரன், தம் முதல் ஆண்டில் அணிந்திருந்த 5 என்ற எண்ணோடு அதில் இருக்கிறார்.

கேள்வி: செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் ஸ்டான் மியூசியலின் அட்டைகளை ஆண்டுவாரியாகச் சேர்க்கிறேன். 1954-க்கு எதை வாங்குவது?

பதில்: 1954-இல் மியூசியலுக்கு டாப்ஸ் அட்டையும் இல்லை, போமன் அட்டையும் இல்லை. அவருடைய கடைசி போமன் அட்டை 1953-இலும், முதல் டாப்ஸ் அட்டை 1958-இலும் வந்தவை. நடுவிலுள்ள அந்த இடத்தை நிரப்புவது ரெட் ஹார்ட் நாய் உணவு நிறுவனம் 1954-இல் வெளியிட்ட 33 அட்டைகள் கொண்ட தொகுப்பு. டின்னின் மேலுறையை அனுப்பித் தபாலில் பெறும்படி அதை வழங்கியதால் பல அட்டைகள் கசங்காமல் தப்பின. எனவே உணவு அட்டைகளுக்குள் இது ஓரளவு எளிதாகக் கிடைக்கும்; நல்ல நிலையில் உள்ளதற்காகக் காத்திருந்து வாங்கலாம்.

இத்தகைய இடைவெளிகளை நிரப்புவதில்தான் விளம்பர அட்டைகள் மிகுதியாகப் பயன்படுகின்றன. டாட்ஜர்ஸ் அணியின் மௌரி வில்ஸ் 1962-இல், அமெரிக்காவின் உயர்நிலைப் போட்டியான மேஜர் லீக்கின் ஒரு பிரிவான நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றவர். ஆனால் 1967-க்கு முன் அவருக்கு டாப்ஸ் அட்டை கிடையாது. அதற்கு முன்பிருந்த வில்ஸைத் தேடுபவர்கள் சிப்ஸ் அட்டைகளையும், போஸ்ட் தானிய உணவுப் பெட்டிகளையும், குக்கீயோடு விற்கப்பட்ட 1963 ஃபிளியர் தொகுப்பையும்தான் நாட வேண்டும்.

கேள்வி: 1954-ஆம் ஆண்டின் வில்சன் ஃபிராங்க்ஸ் அட்டை ஒன்றும், டான்-டீ சிப்ஸ் அட்டைகள் சிலவும் வாங்கினேன். எல்லாவற்றிலும் எண்ணெய்க் கறை இருக்கிறது. அதை நீக்க வழியுண்டா?

பதில்: நீக்க முயல வேண்டாம். வில்சன் அட்டைகள் சாசேஜ் பொட்டலத்துக்குள்ளும், டான்-டீ அட்டைகள் வறுத்த உருளைக்கிழங்குச் சீவல்களுக்கு நடுவிலும் வைக்கப்பட்டவை. கொழுப்பு காகித நார்களுக்குள் ஊறியிருப்பதால் மேற்பரப்பைத் துடைப்பதால் பயனில்லை. உள்ளே ஊறியதை வெளியேற்ற வேதிக் கரைப்பான்களைப் பயன்படுத்தினால் மையும் பளபளப்பும் கெடும். அதைவிட முக்கியமாக, அப்படித் திருத்தப்பட்ட அட்டையை, அட்டைகளின் நிலையைச் சோதித்து எண்ணால் தரம் குறிக்கும் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் திருத்தப்பட்டது என்று கண்டறிந்தால், எண் மதிப்பீடு தர மறுத்துவிடும். கறையோடு நேர்மையாக இருக்கும் அட்டைக்கு வாங்குபவர் எப்போதும் இருக்கிறார்.

இன்னொரு கோணத்திலும் பாருங்கள். 20 அட்டைகள் கொண்ட வில்சன் தொகுப்பில், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸின் அட்டையை ஏறத்தாழ எல்லோரும் தேடுகிறார்கள். அதில் கறையே இல்லாத ஒன்றை யாராவது மலிவாக நீட்டினால், மகிழ்வதற்கு முன் அது மறுபதிப்பா என்று சோதிக்க வேண்டும். ஓர் அட்டை எந்த வழியாக ஒரு சிறுவனின் கைக்கு வந்தது என்பதை அறிந்தால், அது எந்த வகையில் கெட்டிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். 1914-இன் கிராக்கர் ஜாக் அட்டைகள் பாகு பூசிய சோளப்பொரிப் பெட்டிக்குள் வந்ததால் பெரும்பாலும் கறைபட்டே கிடைக்கின்றன. 1915-இன் தொகுப்பைக் கூப்பன் அனுப்பித் தபாலிலும் பெற முடிந்ததால் அதில் தூய அட்டைகள் அதிகம். படமும் வடிவமும் ஒத்திருந்தும் இவ்விரண்டின் விலைகள் வேறுபடுவதற்கு இதுவே முதற்காரணம்.

கெல்லாக்ஸ் நிறுவனம் 1970 முதல் வெளியிட்ட முப்பரிமாண அட்டைகளுக்கு வேறொரு குறை உண்டு. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் படலமும் கீழேயுள்ள காகிதமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அதனால் அட்டை வளைந்து, நாளடைவில் படலம் வெடிக்கிறது. வளைந்ததைக் கையால் நிமிர்த்தினால் அந்த வெடிப்பை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். வளையாத உறையில், வெயில் படாமல், வெப்பம் மாறாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு தொகுப்பில் மற்ற எல்லாம் நியாயமான விலையில் இருக்க, ஒரே ஓர் அட்டை மட்டும் எட்டாத விலையில் இருக்கிறது. அந்த ஆட்டக்காரரோ புகழ்பெற்றவரும் அல்லர். இது எப்படி நேர்கிறது?

பதில்: நல்ல கேள்வி. பல காரணங்கள் இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

மிகப் பொதுவான காரணம், ஆட்டக்காரர் பருவத்தின் நடுவில் அணி மாறுவது. நாடு தழுவிய தொகுப்பில் ஒருவர் அணி மாறினாலும் அட்டை தொடர்ந்து விற்கும். ஆனால் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியை மட்டுமே நம்பி அச்சிட்ட கிளென்டேல் மீட்ஸின் 1953 தொகுப்பில், ஜூன் மாதம் கிளீவ்லாந்துக்குப் போய்விட்ட ஆர்ட் ஹவுட்மனை வைத்து என்ன விளம்பரம் செய்வது? இன்று 28 அட்டைகள் கொண்ட அந்தத் தொகுப்பில் மிக அரியது அவருடையதுதான். டான்-டீ தொகுப்பில் வாக்கர் கூப்பர், பால் ஸ்மித் ஆகிய இருவரும் இதே போல் அரியவர்கள். கூப்பர் 1954 பருவத்தின் தொடக்கத்திலேயே பிட்ஸ்பர்க் அணியை விட்டுச் சென்றவர்.

இதற்கு நேர் எதிரானதும் நடந்தது. நியூயார்க் வட்டாரத்தில் மட்டும் 1977-இல் வெளிவந்த பர்கர் கிங் யாங்கீஸ் தொகுப்பில் லூ பினியெல்லாவின் அட்டை பிற்பாடுதான் சேர்க்கப்பட்டது. முதலில் வாங்கியவர்கள் தொகுப்பு முழுமை என்று நினைத்து நிறுத்திக்கொண்டதால் அந்த 23-ஆம் எண் இன்று தனி விலை பெறுகிறது.

மூன்றாவது காரணம், நிறுவனமே வேண்டுமென்று செய்தது. 1932-இன் யு.எஸ். காரமெல் தொகுப்பை முழுமையாகக் கொடுத்தால் பரிசு உண்டு என்று அறிவித்தார்கள். எல்லோரும் பரிசு பெற்றுவிடக் கூடாது என்பதால் 16-ஆம் எண்ணான ஃபிரெட் லிண்ட்ஸ்ட்ரமின் அட்டை மிகச் சிலவே வெளியே விடப்பட்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இன்று உள்ளது. இது விளம்பர அட்டையின் மிகக் கொடிய தந்திரம் என்பேன், ஏனெனில் ஏமாந்தவர்கள் அனைவரும் சிறுவர்கள். பாஸ்டனின் கௌடி நிறுவனத்து 1933 தொகுப்பிலும் 106-ஆம் எண் வெளிவரவே இல்லை. புகார் எழுதியவர்களுக்கு மட்டும் மறு ஆண்டில் அச்சிட்டு நாப் லாஜோய் அட்டையாகத் தபாலில் அனுப்பினார்கள்.

நான்காவது, விற்பனை. 1960களின் தொடக்கத்தில் போஸ்ட் நிறுவனம் தானிய உணவுப் பெட்டிகளின் மேலேயே அட்டைகளை அச்சிட்டது. மக்கள் விரும்பி வாங்காத ஒரு தானிய வகையின் பெட்டியில் மட்டும் ஒருவருடைய படம் இடம்பெற்றிருந்தால், அவர் அரியவராகிவிடுவார். அவருடைய ஆட்டத்துக்கும் அந்த அருமைக்கும் தொடர்பில்லை. ஆகவே அரிய அட்டை என்று யாராவது கூறினால், எந்தக் காரணத்தால் அரியது என்று கேளுங்கள். விடை சொல்ல முடியாத விற்பனையாளரிடம் உயர்ந்த விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஹோஸ்டஸ் கேக் பெட்டியின் அடிப்பகுதி ஒன்று, மூன்று அட்டைகளோடு வெட்டப்படாமல் என்னிடம் உள்ளது. வெட்டி ஆல்பத்தில் வைக்கலாமா?

பதில்: வெட்ட வேண்டாம். 1975 முதல் 1979 வரை வந்த ஹோஸ்டஸ் தொகுப்புகளில் ஆண்டுக்கு 150 அட்டைகள், மூன்று மூன்றாக அச்சிடப்பட்டன. கத்தரிக்கோலால் வெட்டிய தனி அட்டைகள் ஏராளம். முழுத் துண்டுகள் குறைவு. இதே விதி கூப்பன்களுக்கும் பொருந்தும். சான் பிரான்சிஸ்கோவின் மிட்டாய் நிறுவனம் ஒன்று 1911 முதல் 1938 வரை பசிபிக் கோஸ்ட் லீக் ஆட்டக்காரர்களைக் கொண்டு வெளியிட்ட ஜீநட் அட்டைகளில், பல ஆண்டுகளுக்குக் கீழே ஒரு கூப்பன் இருந்தது. பெரும்பாலோர் அதைக் கிழித்துப் பரிசு வாங்கிவிட்டனர். கூப்பனோடு தப்பிய அட்டை பன்மடங்கு மதிப்புடையது. ரெட் மேன் புகையிலை 1952 முதல் 1955 வரை வெளியிட்ட அட்டைகளின் அடித்துண்டும் இப்படிப்பட்டதே. 50 துண்டுகளை அனுப்பினால் பேஸ்பால் தொப்பி கிடைத்தது.

கேள்வி: காவல்துறை வழங்கிய அட்டைகளுக்கு மதிப்பு உண்டா?

பதில்: பணமதிப்பு பொதுவாகக் குறைவு, சேகரிப்பு மதிப்பு மிக அதிகம். 1970களின் இறுதியிலிருந்து பல நகரங்களில் காவலர்கள் சிறுவர்களுக்குச் சில அட்டைகளாக, வாராவாரம் கொடுத்து வந்தனர். பின்புறத்தில் பாதுகாப்புக் குறிப்பு இருக்கும். முழுத் தொகுப்பு சேர வேண்டுமானால் சிறுவன் காவலரைப் பல முறை தேடிப்போய்ப் பேச வேண்டும், அதுதான் நோக்கமும்கூட. மில்வாக்கி புரூவர்ஸ் தொகுப்புகள் இன்னும் சுவையானவை: ஒரே படத்தை விஸ்கான்சினின் வெவ்வேறு காவல்துறைகள் தத்தம் பெயரை அச்சிட்டு வழங்கின. சிற்றூர் ஒன்றின் பெயர் தாங்கிய அட்டை, பெருநகரத்தின் பெயர் தாங்கியதைவிடக் கிடைப்பது கடினம். குறைந்த செலவில் உண்மையான தேடலை விரும்பும் புதியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இவற்றைத்தான்.

கேள்வி: வட்டார அட்டைகளில் தலையாயது எது? அதன் போலிகளை எப்படி அறிவது?

பதில்: ஐயமின்றி, ‘பால்டிமோர் நியூஸ்’ 1914-இல் வெளியிட்ட, பேஸ்பால் மேதை பேப் ரூத்தின் அட்டைதான். அப்போது அவருக்கு 19 வயது. மேஜர் லீக்கில் இன்னும் ஆடவில்லை. அதற்குக் கீழ்நிலையிலுள்ள இன்டர்நேஷனல் லீக்கின் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியில் (1954-இல் அதே பெயரோடு வந்த அணி வேறு) பந்து வீசிக்கொண்டிருந்தார். அந்த ஜூலையிலேயே பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு விற்கப்பட்டார். அட்டையை வெளியிட்டது ஒரு நாளிதழ். பின்புறத்தில் அணியின் ஆட்ட அட்டவணை இருக்கிறது. சிவப்பிலும் நீலத்திலும் அச்சிடப்பட்டவற்றில் ஏறத்தாழ பத்தே இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, நாளிதழ் விநியோகித்த ஒரு சிறுவன் வைத்திருந்து அவன் குடும்பம் காத்துவந்தது, 2023 டிசம்பரில் 72 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

மறுபதிப்புகள் நிறைய இருப்பதால் சோதனை அவசியம். முதலில் பூதக்கண்ணாடியால் எழுத்துகளைப் பாருங்கள். அசலில் எழுத்து திடமான மையாக இருக்கும். அசலைப் படமெடுத்து மீண்டும் அச்சிட்டதில் எழுத்தும் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். அடுத்து, இருட்டில் புற ஊதா விளக்கை அடியுங்கள். காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிரும் வேதிப்பொருள்கள் 1940களின் இறுதிக்குப் பிறகே பரவலாயின. எனவே 1914-இன் காகிதம் பளீரென நீலமாக ஒளிரக் கூடாது. 1950களின் அட்டைகளுக்கு இச்சோதனை அத்தனை உறுதியானது அன்று. அவற்றுக்கு, அசல் என்று தெரிந்த ஒரு மலிவான அட்டையை அதே தொகுப்பிலிருந்து வாங்கி, தடிமன், நிறம், பின்புற அச்சு ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே சிறந்த வழி.

கேள்வி: எல்லாவற்றையும் தரமதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டுமா?

பதில்: தேவையில்லை. மதிப்பீட்டுக் கட்டணத்தைவிட அட்டையின் விலை பன்மடங்கு அதிகமாக இருந்தாலோ, போலிகள் மலிந்த அட்டையாக இருந்தாலோ மட்டும் அனுப்புங்கள். மற்றவற்றை பி.வி.சி. கலவாத உறையில் இட்டு, எந்த ஊரில் எந்தப் பொருளோடு எந்த ஆண்டில் வந்தது என்ற சிறு குறிப்பைத் தனிக் காகிதத்தில் எழுதி உறைக்குப் பின்னே வையுங்கள். அட்டையின் மேல் எதையும் எழுத வேண்டாம்.