மச்சானின் படகில் துப்பாக்கி ஏற்றலாமா?

கேள்வி: காக்காவுக்கு ஸலாம். என் மாமா மகன் நியூசிலாந்தில் 20 வருடமாக இருக்கிறார். 38 அடி பாய்மரப் படகு ஒன்று வாங்கி, அதிலேயே ஊர் வந்து சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆக்லாந்தில் கிளம்பி டார்வின், பாலி, லங்காவி, இலங்கையின் காலி, தூத்துக்குடி, கொச்சி என்று திட்டம். லங்காவியில் நானும் ஏறிக்கொள்கிறேன். அவரிடம் அந்த ஊர் உரிமத்தோடு '12 போர்' வகை வேட்டைத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. "நடுக்கடலில் யாரைக் கூப்பிடுவது? கைக்கு ஒன்று இருக்கட்டும்" என்கிறார். உம்மா இதைக் கேட்டதிலிருந்து தூங்கவில்லை. கொண்டுவரச் சொல்லலாமா, வேண்டாமா?
– வாசகர், தொண்டி

பதில்: வ அலைக்கும் ஸலாம், தம்பி. வேண்டாம். மச்சான் கோபித்துக்கொண்டாலும் வேண்டாம்.

34 வருடம் சரக்குக் கப்பல்களில் ஓடி, போசனாக, அதாவது மேல்தள ஆட்களின் மேஸ்திரியாக, ஓய்வு பெற்றவன் நான். துப்பாக்கிக் காவல் போட்ட கப்பலிலும் ஓடியிருக்கிறேன். அந்த ஒரு பயணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2011. சோமாலியக் கொள்ளையர் பயம் உச்சத்தில் இருந்த நேரம். எங்கள் கப்பல் காலிக்கு வெளியே நின்று நான்கு காவலர்களை ஏற்றிக்கொண்டு மேற்கே போனது. கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள் கட்டியது என் ஆட்கள்தான், கையெல்லாம் கீறல். ஐந்தாம் நாள் காலை, ஓமன் கரைக்கு வெகு வெளியே, இரண்டு ஃபைபர் படகுகள் எங்களைப் பார்த்து வேகமாக வந்தன. அபாய மணி அடித்தது. காவலர் ஒருவர் பிரிட்ஜ் எனும் கப்பல் ஓட்டும் மேடை ஓரத்தில் நின்று தண்ணீரில் சுட்டார். என் கையில் பைனாகுலர். கொள்ளையன் படகு என்றால் நீளமான ஏணி இருக்கும், கொக்கி இருக்கும்; அது இல்லாமல் அவ்வளவு உயரக் கப்பலில் எவனும் ஏற முடியாது. நான் பார்த்தது குவித்துப் போட்ட வலையையும் மிதவைகளையும்தான். அணியத்தில், படகின் முன்முனையில், நின்ற ஆள் ஒரு மஞ்சள் கேனைத் தலைக்கு மேலே தூக்கி, கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீர் கேட்கிறான்!

"ஏணி இல்லை, ஏணி இல்லை" என்று கத்தினேன். அதற்குள் இரண்டாவது வெடி. அணியத்தை ஒட்டித் தண்ணீர் எழும்பியது. கேன் கடலில் விழ, அவன் படகுக்குள் குப்புற விழுந்தான். அடிபட்டு விழுந்தானா, பயந்து படுத்தானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. படகுகள் திரும்பிப் போய்விட்டன. நாங்கள் வேகத்தைக் குறைக்கவே இல்லை. 'தாக்குதல் முயற்சி முறியடிக்கப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதினார்கள். எங்கள் தொட்டிகளில் அன்றைக்கு நூறு டன்னுக்கு மேல் நன்னீர் இருந்தது, தம்பி.

இது அந்தக் கப்பலில் மட்டும் நடந்த தவறு என்று நினைக்காதீர்கள். மறுவருடம், 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கடலில் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த அந்நாட்டுக் கடற்படை வீரர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், இன்னொருவர் நம் குமரி மாவட்டத்து இளைஞர். வழக்கு ஒன்பது வருடம் இழுத்து, 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021இல் முடிந்தது. அதே 2012 ஜூலை 16, துபாய் ஜெபல் அலிக்கு வெளியே 'ரப்பஹானக்' என்ற அமெரிக்கக் கடற்படை எண்ணெய்க் கப்பலிலிருந்து ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டார்கள். இறந்தவர் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். காயம்பட்ட மூன்று பேரும் இந்தியர்கள். எச்சரித்தும் படகு விலகவில்லை என்றது கப்பல் தரப்பு. எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றார்கள் பிழைத்தவர்கள். பிழைப்புக்குப் போன இடத்தில் வலை போடப் போனவர்கள் அவர்கள். உங்கள் தொண்டியிலும் என் கீழக்கரையிலும் வீட்டுக்கு ஒருவர் அந்த வளைகுடாவில்தான் இருக்கிறார்.

மச்சானிடம் இதைச் சொல்லுங்கள். அவர் வரும் கடலில், இருட்டில் அவரை நோக்கி ஒரு படகு பாய்ந்து வந்தால், அது அநேகமாக வலைக்காரன் படகு. ஒரு மைலுக்கு மேல் வலையை மிதக்கவிட்டு, முனையில் ஒரு சிறு விளக்கைக் கட்டிவிட்டுக் காத்திருப்பான். பாய் விரித்துச் சத்தமே இல்லாமல் வருகிற படகு நேராக வலைமேல் ஏறப் போகிறது என்றால் என்ன செய்வான்? எஞ்சினை முறுக்கிக்கொண்டு, டார்ச் அடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடி வருவான். அந்த வலை அவன் கடன். வட்டி ஓடிக்கொண்டிருக்கும் கடன். வலைக்காக இல்லாவிட்டாலும் வருவான். தண்ணீர் கேட்க, சும்மா யார் என்று பார்க்க. 2008இல் மும்பைக்கு வந்த பயங்கரவாதிகள் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தி வந்ததிலிருந்து, அறிமுகமில்லாத படகைக் கண்டால் தகவல் சொல்லுங்கள் என்று நம் மீனவர்களிடம் போலீஸ் சொல்லி வைத்திருக்கிறது. அதனால் நெருங்கி வந்து உற்றுப் பார்ப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சுக்கானில் ஒற்றையாளாக, தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவர் கையில் அப்போது துப்பாக்கி இருந்தால்? அதைத்தான் நான் பயப்படுகிறேன்.

மச்சான் ஒரு வாதம் வைப்பார். ஆயுதக் காவலர் ஏறிய கப்பலைச் சோமாலியர் பிடித்ததே இல்லையே என்பார். கப்பல்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் அது தண்ணீரிலிருந்து மூன்று மாடி உயரம், இரும்புச் சுவர், முறை வைத்துக் கண்விழிக்கும் நான்கு பயிற்சி பெற்ற ஆட்கள். உங்கள் படகின் விளிம்பு தண்ணீரிலிருந்து ஒரு மீட்டர். உடம்பு ஃபைபர், தோட்டா ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகும். நிஜமான கொள்ளையனிடம் ஏ.கே. 47 இருக்கும். பறவை சுடுகிற துப்பாக்கியைக் காட்டினால், சும்மா பொருளை எடுத்துக்கொண்டு போக இருந்தவனையும் சுட வைத்த மாதிரி ஆகும்.

அவர் நாட்டுக்காரர் கதையையே நினைவுபடுத்துங்கள். சர் பீட்டர் பிளேக். நியூசிலாந்துக்காக 'அமெரிக்கக் கோப்பை' பாய்மரப் பந்தயத்தை இரண்டு முறை வென்று கொடுத்த மாலுமி. 2001 டிசம்பரில் பிரேசிலில், அமேசான் முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டிருந்த அவருடைய 'சீமாஸ்டர்' படகில் முகமூடிக் கொள்ளையர் ஏறினார்கள். அவர் கீழே ஓடி ரைஃபிளை எடுத்து வந்தார். சுட்டார், ஒருவன் கையில் பட்டது. அடுத்து ரைஃபிள் சிக்கிக்கொண்டது. அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். படகில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். கொள்ளை போனது என்று பார்த்தால் வெளிமோட்டார், கைக்கடிகாரம் போன்ற சாமான்கள். துணிச்சலுக்கோ அனுபவத்துக்கோ அவரிடம் குறைவில்லை. அவருக்கே அப்படி ஆனது என்பதை மச்சான் யோசிக்கட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாய்மரப் படகுகளில் களவு பெரும்பாலும் நடுக்கடலில் நடப்பதில்லை. நங்கூரம் போட்டிருக்கும்போதும் துறைமுகத்திலும்தான். அங்கே உங்கள் துப்பாக்கி உங்களிடம் இருக்காது. ஒவ்வொரு நாட்டிலும் நுழைந்த உடனே எழுதிக் கொடுக்க வேண்டும். சுங்கக்காரர்கள் பெட்டியில் பூட்டி முத்திரை வைப்பார்கள், அல்லது கரைக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். கிளம்பும்போது அதே துறைமுகத்துக்குத் திரும்பி வந்து வாங்க வேண்டும். அதற்குள் காற்று மாறிவிடும். சொல்லாமல் ஒளித்து வைத்தாலோ, பிடிபட்ட இடத்தில் பயணம் முடிந்தது. மலேசியாவில் 1971 சட்டப்படி அனுமதியில்லாத துப்பாக்கிக்கு 14 வருடம் வரை சிறை, கூடவே பிரம்படி. லங்காவி மலேசியா என்பதை மறக்க வேண்டாம்; நீங்கள் ஏறுகிற இடமே அதுதான். படகில் ஏறிய பிறகு 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால் எடுபடுமா?

நம் பக்கம் என்ன நடந்தது என்றும் தெரிந்திருக்க வேண்டும். 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓஹியோ' என்ற காவல் கப்பலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 35 பேர், 35 துப்பாக்கி. கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்கிற வேலை எங்களுடையது என்றார்கள். 2016இல் ஐந்து வருடத் தண்டனை. 2017 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அத்தனை பேரையும் விடுவித்தது. நிரபராதி என்று தீர்ப்பு வாங்குவதற்குள் நான்கு வருடம் போய்விட்டது. கம்பெனி வைத்து, வக்கீல் வைத்து நடந்தவர்களுக்கே அந்தக் கதி.

துப்பாக்கியைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், இதில்தான் வெளிநாட்டுப் படகுக்காரர்கள் இங்கே அதிகம் மாட்டுகிறார்கள்: சாட்டிலைட் போன். துராயா, இரிடியம் எதுவாக இருந்தாலும் அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருக்கக் கூடாது. உள்ளங்கை அளவில் செய்தி அனுப்புகிற சாட்டிலைட் கருவிக்கும் இதே கதைதான். மச்சான் படகில் கட்டாயம் ஒன்று இருக்கும். தூத்துக்குடிக்கு வருமுன் ஏஜெண்டிடம் எழுதிக் கேட்டு, என்ன செய்ய வேண்டும் என்று பதில் வாங்கிவிடுங்கள்.

சரி, துப்பாக்கி இல்லாமல் என்ன செய்வது? வி.ஹெச்.எஃப். என்ற கப்பல் ரேடியோவில் அபாய அழைப்புக்கான 16ஆம் சேனலை ராத்திரியும் பகலும் திறந்து வையுங்கள். நம் படகு இருக்கும் இடத்தை மற்றக் கப்பல்களுக்குக் காட்டுகிற ஏ.ஐ.எஸ். கருவி ஓடட்டும், ஒளிந்து வந்தால் இந்தக் கடலில் சந்தேகம்தான் கூடும். ஆபத்தில் சாட்டிலைட் வழியே உதவி கேட்கும் அபாயக் கருவியைப் பதிவு செய்து வையுங்கள். நம் கரை நெருங்கி போன் கிடைத்ததும் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் போலீசுக்கு 1093. நங்கூரம் போட்ட ராத்திரிகளில் கரைக்குப் போய்வரும் சின்னப் படகைத் தண்ணீரில் விடாமல் மேலே தூக்கிக் கட்டி, மோட்டாரைப் பூட்டுங்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருக்கிற 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அழகாக இருக்கிறதே என்று அங்கே இறங்க ஆசைப்படாதீர்கள். படகிலேயே தொண்டிக்கு வர வேண்டும் என்ற ஆசையையும் மச்சான் விட்டுவிடட்டும். நம் கரையின் ஆழம் உங்களுக்கே தெரியும். தண்ணீருக்குள் இரண்டு மீட்டர் இறங்கி நிற்கும் படகின் அடிக்கட்டை சேற்றில் உட்கார்ந்துவிடும். கொச்சியில் படகைக் கட்டிவிட்டு ரயிலில் வரட்டும்.

என் வாப்பா தோணியில் தண்டலாக, அதாவது தலைவராக, இருந்தவர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடு, வெங்காயம் ஏற்றிப் போனவர். ராத்திரியில் வேறு படகு நெருங்கினால் அரிக்கேன் விளக்கை எடுத்து, எதிரே நீட்டாமல், தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடிப்பார். "நாம யாருன்னு அவனுக்குத் தெரியட்டும், அவன் பயம் போகட்டும்" என்பார். அதன் பிறகுதான் பேச்சு. நீங்களும் டார்ச்சை அவர்கள் கண்ணில் அடிக்காதீர்கள். உங்கள் முகத்திலும் பாயிலும் அடியுங்கள். பிறகு சத்தமாக, "வலை எந்தப் பக்கம் கிடக்கு? எப்படிப் போகணும்?" என்று தமிழில் கேளுங்கள். மன்னார் வளைகுடாவில் இந்தக் கரைக்காரனுக்கும் புரியும், அந்தக் கரையில் மன்னார்க்காரனுக்கும் புரியும். எத்தனையோ வெள்ளைக்காரப் படகுகளுக்குக் கிடைக்காத வசதி இது. வலைக்காரன் கையை நீட்டி வழி காட்டுவான். இரண்டு மீனைத் தூக்கிப் போட்டாலும் போடுவான்.

தை, மாசியில் வாடைக்காற்றைப் பிடித்துத்தான் லங்காவியிலிருந்து கிளம்புவீர்கள். சாமான் பட்டியல் போடும்போது 20 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு கூடுதலாக எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் குடிநீர்க் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம். நிரப்பி, பின்பக்கம், குனிந்து எடுத்துக் கொடுக்கத் தோதான இடத்தில் கட்டி வையுங்கள். உம்மாவிடம் நான் ஸலாம் சொன்னதாகச் சொல்லுங்கள்.