தோட்டத்து அக்கா பதில்கள்: மழைக்கு முன்னாடி என்ன போடலாம்?

புரட்டாசி பொறந்தாச்சு. இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஒரே கவலைதான், மழை வரப்போகுதே இப்ப விதை போடலாமா வேண்டாமான்னு. அதுக்கும் வர்றேன், மொதல்ல அவரைக்காய் பஞ்சாயத்தை முடிச்சிடலாம், அந்த ஒரு கேள்வியையே அத்தனை பேர் கேட்டிருக்கீங்க.

அக்கா, ஆடிப்பெருக்கு அன்னிக்கு அவரை விதை ஊனினேன். பந்தல் முழுக்க படர்ந்து பக்கத்து வீட்டு துணி காயப்போடுற கயிறு வரைக்கும் போயிடுச்சு, ஒரு பூ கூட இல்ல. இது மலட்டுக் கொடி, புடுங்கிப் போடுன்னு மாமியார் சொல்றாங்க. என்ன உரம் போட்டா பூக்கும்?
ஒரு வாசகி, தாம்பரம்

புடுங்கிடாதீங்கம்மா, அத்தைகிட்ட தீபாவளி தாண்டுற வரைக்கும் டைம் கேளுங்க. உரமே வேண்டாம். பந்தல் அவரைக்கு பூக்குற நேரத்தை சொல்றது உரம் இல்ல, ராத்திரி. பகல் குறைஞ்சு ராத்திரி நீளமாச்சுன்னாதான் அது பூ விடும். ஜூன் மாசம் சென்னையில பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம், டிசம்பர்ல பதினொன்னரை மணிக்கும் கம்மி, நமக்கு பெருசா தெரியாத அந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் அவரைக்கு நல்லாவே தெரியும். ஐப்பசி கார்த்திகையில பூ எடுத்து மார்கழி தையில காய் கொட்டும், பொங்கல் குழம்புக்கு அவரை இல்லாத வீடு உண்டா சொல்லுங்க.

அப்புறம் எதுக்கு ஆடியிலயே போடணும், ஐப்பசியில போட்டா போதாதான்னு கேப்பீங்க. ஐப்பசியில போட்டா கொடி முழங்கால் உயரம் இருக்கும்போதே பூ வந்துடும், நாலு காய் காச்சு அதோட முடிஞ்சிடும். ஆடியில போட்டா பந்தல் ஏறி, கிளை விட்டு, உடம்பு தேத்திக்கிட்டு பூக்குது. தையில போட்டீங்கன்னா இன்னும் மோசம், பகல் நீண்டுக்கிட்டே போகும், வருஷம் பூரா இலைதான்.

இப்ப செய்ய வேண்டியது ரெண்டே விஷயம். மாட்டுச் சாணக் கரைசல், மீன் அமிலம்னு தழைச்சத்து ஏத்துற எதையும் ஊத்தாதீங்க, அது இன்னும் இலையாத்தான் போகும். இன்னொன்னு, தெருவிளக்கு ராத்திரி முழுக்க கொடி மேல அடிக்குதான்னு பாருங்க, அந்தப் பக்கம் பூ லேட்டாகும், முடிஞ்சா கொடியை இருட்டுப் பக்கமா திருப்பி விடுங்க. இவ்ளோ பொறுமை இல்லைன்னு சொல்றவங்க குத்துச்செடி அவரை ரகமா கேட்டு வாங்கிக்கோங்க, அதுக்கு இந்த ராத்திரிக் கணக்கெல்லாம் பெருசா கிடையாது. ஆனா ருசின்னு பார்த்தா பந்தல் அவரைதான், இதுல நான் யார்கிட்டயும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வணக்கங்க அக்கா. மாடியில பீர்க்கனும் சுரையும் போட்டிருக்கறனுங்க. பிஞ்சு வருது, விரல் நீளம் ஆனதும் மஞ்சளாகி வெம்பி விழுந்துடுதுங்க. தேனீ நெறைய வருது, அப்பறம் ஏனுங்க இப்படி?
ஒரு வாசகர், கோயம்புத்தூர்

தேனீ எத்தனை மணிக்கு வருதுன்னு பார்த்தீங்களா தம்பி? காலையில வரும். உங்க பீர்க்கனும் சுரையும் பூக்கறது சாயங்காலம். பீர்க்கன் பூ அஞ்சு மணிக்கு மேல விரியும், சுரையோட வெள்ளைப் பூவும் பொழுது சாயறப்பதான், புடலை இன்னும் இருட்டின பிறகு. இதுக்கெல்லாம் ராத்திரி சுத்துற அந்துப்பூச்சிதான் மகரந்தம் கொண்டு போகணும், நாலாவது மாடிக்கு அது எங்க வருது. பாகலும் பூசணியும் விடியக்காலையில பூக்கும், அதை தேனீ பார்த்துக்கும், அதான் பாகல் காய்க்குது பீர்க்கன் காய்க்கலன்னு பல பேர் குழம்பிப் போறீங்க.

அதனால சாயங்காலம் ஆறு மணிக்கு டீ குடிச்ச கையோட மாடிக்கு போங்க. பீர்க்கன்ல கொத்தாவும் சுரையில நீளக் காம்புல தனியாவும் வர்றது ஆண் பூ, அடியில குட்டி காய் மாதிரி இருந்தா பெண் பூ. ஆண் பூவை பறிச்சு இதழை பிச்சுட்டு நடுவுல இருக்கற மஞ்சப் பொடியை பெண் பூவோட நடுவுல மெல்ல தடவி விடுங்க, ஒரு ஆண் பூ ரெண்டு மூணு பெண் பூவுக்கு போதும். ஆரம்பத்துல ஆண் பூவா மட்டும்தான் வரும், அதுக்காக பதற வேண்டாம்.

ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்துக்கோங்க. விழுந்த பிஞ்சை வெட்டிப் பாருங்க, உள்ள புழு நெளிஞ்சா அது பழ ஈ, மகரந்தப் பிரச்சனை இல்ல. பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறி இருக்கு, கடையில வாங்கறப்ப க்யூ லூர்னு கேட்டு வாங்குங்க. மாமரத்துக்கு மாட்டுற மீத்தைல் யூஜினால் பொறியை எடுத்து குடுத்துடுவாங்க, பந்தல் காயை கெடுக்கற ஈ அதுக்கு மயங்காது, காசுதான் வேஸ்ட். பொறி வாங்க முடியலைன்னா பிஞ்சு சின்னதா இருக்கறப்பவே பேப்பர் பையை மாட்டி கட்டிடுங்க. விழுந்த பிஞ்சை தொட்டியிலயே போட்டு வைக்காதீங்க, உள்ள இருக்கற புழு மண்ணுக்குள்ள போய் கூடு கட்டி மறுபடி ஈயா வரும்.

மேடம், இந்த வருஷம்தான் மாடித்தோட்டம் ஆரம்பிச்சேன். 20 பை இருக்கு, எல்லாம் காலி. ஐப்பசி மழைக்கு முன்னாடி என்ன போடலாம், எதை போடக்கூடாது? முழுசா ஒரு பிளான் குடுங்க.
ஒரு வாசகி, வேளச்சேரி

முழு பிளான் கேக்கறீங்க, ஆனா 20 பையையும் இப்பவே நிரப்பாதீங்க, இதுதான் பிளானோட மொத வரி. வடகிழக்கு பருவமழை சாதாரணமா அக்டோபர் 20 வாக்குல தொடங்கும், நவம்பர்ல சென்னையில எப்படி ஊத்தும்னு வேளச்சேரிக்காரங்களுக்கு நான் சொல்லணுமா. இப்ப வெண்டையும் கொத்தவரையும் ஊனினா செடி சின்னதா இருக்கறப்ப வேர் தண்ணியில ஊறிடும், ரெண்டுமே வெயிலை கேக்கற செடி, அதை தைக்கு தள்ளி வைங்க.

இப்ப போடறதுக்கு பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் பெஸ்ட். மார்க்கெட்ல வாங்கின பொன்னாங்கண்ணி கட்டுல இலையை ஆய்ஞ்சுட்டு தண்டை நட்டு வெச்சா போதும், ஈரம்னா அதுக்கு அவ்ளோ குஷி. கொடிப்பசலையும் மழையில சளைக்காது. சிறுகீரை, அரைக்கீரை விதையை மட்டும் பெருமழை நேரத்துல தூவாதீங்க, விதை எல்லாம் ஒரு மூலையில போய் ஒதுங்கிடும், அப்படியும் வேணும்னா ரெண்டு பையை சன்ஷேடுக்கு அடியில வெச்சு அதுல தூவுங்க.

காலிஃபிளவர், முட்டைக்கோஸ் ஆசை இருந்தா இப்பவே குழித்தட்டுல நாத்து விடுங்க. விதை வாங்கறப்ப சமவெளிக்கு வர்ற, வெயில் தாங்குற ரகமான்னு கேளுங்க, ஊட்டிக்கு போடற விதையை வாங்கி நட்டா வெறும் இலைதான் வளரும். தக்காளிக்கு அவசரம் வேண்டாம். ஐப்பசி கடைசியில நாத்து விட்டு, மழை ஓயற கார்த்திகை கடைசியில நட்டீங்கன்னா தை மாசியில காய் பிடிக்கறப்ப ராத்திரி நல்லா குளுகுளுன்னு இருக்கும், தக்காளிக்கு அதுதான் வேணும், அக்னி நட்சத்திர வெயில்ல பூவா பூத்து அத்தனையும் கொட்டறது அந்த குளிர்ச்சி இல்லாமத்தான். ரகம் கேட்டா நான் பி.கே.எம். 1 தான் சொல்வேன், பெரியகுளத்துல வந்த ரகம், கொஞ்சம் தட்டையா இருக்கும், ரசத்துக்கு அதோட புளிப்பு தனி. ஹைபிரிட் இல்லாததால நல்ல பழத்துல இருந்து விதையும் எடுத்து வெச்சுக்கலாம். முள்ளங்கி, பீட்ரூட், கேரட் மூணும் கார்த்திகையில நேரா பையில விதைங்க, நாத்து விட்டு பிடுங்கி நடாதீங்க, கேரட் ரெண்டா மூணா கிளைச்சு கோணிக்கும். முள்ளங்கி 45 நாள்ல கைக்கு வந்துடும், புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அந்த சந்தோஷம் ரொம்ப முக்கியம்.

நாத்து கழுத்துல அழுகி சாயறதுதான் மழைக்கால முதல் எதிரி. தோட்டக்கலைத் துறை மாடித்தோட்ட கிட்ல டிரைக்கோடெர்மா விரிடின்னு, அழுகலைத் தடுக்கற நல்ல பூஞ்சை, ஒரு பாக்கெட் குடுப்பாங்களே, பாதி பேர் அதை பிரிக்காமலே அலமாரியில வெச்சிருப்பீங்க, அதை எடுத்து தேதி பாருங்க. தேதி தாண்டலைன்னா ஒரு ஸ்பூனை ஈரமான மண்புழு உரத்தோட பிசறி நாத்து மண்ணுல கலந்து விடுங்க.

செடி வேலையை விட மாடி வேலை இப்ப முக்கியம். ஒவ்வொரு பையோட ஓட்டையையும் குச்சி விட்டு குத்திப் பாருங்க, வேர் அடைச்சிருக்கும். பையை தரையில வைக்காம செங்கல் மேலயோ ஸ்டாண்டு மேலயோ தூக்கி வைங்க. மாடித் தண்ணி இறங்குற குழாய் வாயில இலை சேராம ஒரு வலை போடுங்க. பச்சை நிழல்வலை கட்டியிருந்தா புயல் அறிவிப்பு வந்ததும் முதல்ல அதை கழட்டுங்க, 2016 வர்தா காத்து மாதிரி அடிச்சா வலை பாய்மரம் ஆகி பந்தலையே தூக்கிட்டு போயிடும். மழை விட்ட பிறகு பையில இருந்த சத்தெல்லாம் கரைஞ்சு ஓடியிருக்கும், இலை வெளுக்கும், அப்ப பைக்கு ரெண்டு கை மண்புழு உரம் போட்டு மேல் மண்ணை கிளறி விடுங்க. நத்தை வந்தா ராத்திரி ஈரச் சாக்கை விரிச்சு வைங்க, விடிஞ்சதும் அதுக்கு அடியில கூட்டமா இருக்கும், கையுறை போட்டு எடுங்க, வெறும் கையில தொடாதீங்க.

மிளகாய் செடி இலை எல்லாம் சுருண்டு போச்சுக்கா, புளிச்ச மோர், இஞ்சி பூண்டு கரைசல் எல்லாம் அடிச்சாச்சு. எதுவும் கேக்க மாட்டேங்குது.
ஒரு வாசகி, மதுரை

எந்தப் பக்கமா சுருண்டிருக்குன்னு எழுதலையேம்மா. இலை மேல் பக்கமா படகு மாதிரி மடங்கியிருந்தா இலைப்பேன், கீழ் பக்கமா கவுந்து காம்பு நீண்டிருந்தா சிலந்திப்பூச்சி. இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் 1 லிட்டருக்கு 5 மில்லி, முதல்ல காதி சோப்புக் கரைசல்ல நல்லா கலந்து பால் மாதிரி ஆனதும் தண்ணி சேருங்க, இல்லைன்னா எண்ணெய் தனியா மிதந்து இலையை சுட்டுடும். சிலந்திப்பூச்சிக்கு நனையும் கந்தகம் 1 லிட்டருக்கு 3 கிராம். ரெண்டையும் ஒண்ணா கலக்கவே கூடாது, ஒண்ணு அடிச்சா ரெண்டு வாரம் கழிச்சுதான் இன்னொன்னு. எதை அடிச்சாலும் சாயங்காலமா, இலைக்கு அடியில படற மாதிரி அடிங்க, பூச்சி குடித்தனம் பண்றது அங்கதான், மேல மட்டும் அடிச்சுட்டு கேக்க மாட்டேங்குதுன்னா எப்படி? இலை சின்னதாகி மஞ்சளாகி செடியே குட்டையா குத்துக்கட்டையா நின்னா அது வெள்ளை ஈ கொண்டு வந்த வைரஸ், மருந்து கிடையாது, பிடுங்கி எறிஞ்சிடுங்க, பக்கத்து செடியாவது பொழைக்கும்.

ஆர்ஓ மெஷின்ல வெளிய போற தண்ணிய செடிக்கு ஊத்தலாமா?
ஒரு வாசகர், அம்பத்தூர்

வேண்டாம். உங்க போர் தண்ணியில இருந்த உப்பெல்லாம் அதுலதான் சேர்ந்து வருது. பீன்ஸ் உடனே காட்டிக்கொடுக்கும், பாலக் கொஞ்ச நாள் தாங்கும், ஆனா பையில உப்பு ஏறிக்கிட்டேதான் போகும். ஏசி தண்ணி தாராளமா ஊத்துங்க.

தக்காளி அடிப்பக்கம் கருத்து அழுகுது. முட்டை ஓடு பொடி பண்ணி போட்டும் நிக்கல அக்கா.
ஒரு வாசகி, சேலம்

முட்டை ஓடு கரைய மாசக்கணக்காகும்மா, இப்ப காய்ச்ச காய்க்கு அது உதவாது. சுண்ணாம்புச்சத்து தண்ணியோடதான் காய்க்கு போய் சேரும், ரெண்டு நாள் காயவிட்டு மூணாம் நாள் வெள்ளமா ஊத்தினா மண்ணுல சத்து இருந்தும் காய்க்கு கிடைக்காது. தினமும் ஒரே அளவா ஊத்தி, மேல காஞ்ச இலை மூடாக்கு போடுங்க. கருத்த காயை பறிச்சிடுங்க, அடுத்த கொத்து சரியா வரும்.

வாடகை வீடு, ஓனர் மாடி தாங்காதுன்னு சொல்றார். எவ்ளோ வெயிட் தாங்கும்?
ஒரு வாசகர், திருச்சி

ஓனர் பயப்படறதுல நியாயம் இருக்கு தம்பி. ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ கணக்குலதான் பொதுவா டிசைன் பண்ணுவாங்க, பழைய வீட்டுக்கு அதையும் நம்ப முடியாது. ஒரு அடி நீளம் அகலம் உயரம் இருக்கற பையில வெறும் தோட்டத்து மண்ணை நிரப்பி நனைச்சா 45, 50 கிலோ வந்துடும், அப்படி நாலு பையை நெருக்கி வெச்சாலே கணக்கு தாண்டிடும். செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்குன்னு கலந்தா வெயிட் நல்லாவே குறையும். நார்க்கழிவை ரெண்டு தடவை தண்ணியில ஊறவெச்சு பிழிஞ்சுட்டு கலங்க, அதுல உப்பு இருக்கும். பையை நடு மாடியில குமிக்காம சுவரும் பீமும் போற வரிசையில வைங்க, ஓனரையும் கூட்டிட்டு போய் காட்டுங்க.

எல்லாம் சென்னைக் கணக்காவே எழுதறீங்களே, நாகர்கோவில்காரங்க என்ன செய்ய?
ஒரு வாசகி, நாகர்கோவில்

சண்டைக்கு வந்துட்டீங்க, சரிதான்! உங்களுக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை, அதனால நான் சொல்ற மாசத்தை விட்டுட்டு மழைக்கு நடுவுல வர்ற இடைவெளியை பிடிங்க. பந்தல் காய்க்கு ஆடி ஆவணி இடைவெளி, தக்காளி, கத்தரி, வெண்டைக்கு மார்கழி கடைசியில இருந்து. சேனையும் சேம்பும் உங்க ஊர் ஈரத்துல வர்ற மாதிரி எங்களுக்கு இங்க வராது. அங்க வீட்டுத் தோட்டத்துல சேம்பை எந்த மாசம் நடறீங்க, எப்ப தோண்டறீங்கன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த மாசம் இதே பக்கத்துல போடறேன்.