ரப்பர் டக் கிழிந்துவிட்டது: ஒட்டுப் போடுவதா, வேறு வாங்குவதா?

கேள்வி: டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறோம். 4.2 மீட்டர் ரப்பர் டக் (காற்றடிக்கும் குழாய்ப் படகு) ஒன்று வைத்திருக்கிறோம், வயது பத்துக்கு மேல். இனாண்டா அணைக்கும், எப்போதாவது கடலுக்கும் கொண்டுபோவோம். வலப்பக்கக் குழாயில் 12 செ.மீ. நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. டிரான்சம் (எஞ்சின் மாட்டும் பின்பலகை) சேரும் இடத்தில் ஒரு ஓரம் பசை விட்டுத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. குழாயின் மற்ற காற்று அறைகளும் ராத்திரி காற்றடித்தால் காலையில் தளர்ந்துவிடுகின்றன. குழாயின் துணி பி.வி.சி. பிளாஸ்டிக்கா, ஹைபாலான் என்னும் ரப்பரா என்றும் தெரியவில்லை. சரிசெய்வதா, வேறு வாங்குவதா?

பதில்:

கிழிசலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 12 செ.மீ. கிழிசல் ஒழுங்காகச் செய்தால் வருடக்கணக்கில் நிற்கும். எனக்குக் கவலை தருவது அந்த டிரான்சம் ஓரம்தான். கிழிசல் ஒரு இடத்துக் காயம். பசை விடுவது படகு முழுக்கப் பரவியிருக்கக்கூடிய நோய், ஏனென்றால் எல்லாத் தையலும் ஒரே காலத்தில் ஒரே பசையில் ஒட்டியவை. ஆகவே காசு செலவழிக்கும் முன் ஒரு சனி, ஞாயிறு சோதனைக்கு ஒதுக்குங்கள்.

முதலில் துணி எது என்று கண்டுபிடியுங்கள். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, கிழிசல் வழியாக உள்பக்கத்தையே பார்க்கலாம். உள்ளும் புறமும் ஒரே மாதிரி வழவழப்பான பிளாஸ்டிக்காக இருந்தால் பி.வி.சி. வெளியே மங்கலான ரப்பர், உள்ளே வேறு நிறத்தில் கருத்த ரப்பர் என்றால் பெரும்பாலும் ஹைபாலான். சந்தேகம் தீரவில்லையா? மறைவான ஓர் இடத்தில் அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால் தேயுங்கள். பி.வி.சி. என்றால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். ஹைபாலான் ஒட்டாது, கொஞ்சம் சாயம் மட்டும் துணியில் இறங்கும். (ஹைபாலான் என்பது டூபாண்ட் வைத்த பெயர். அவர்கள் 2010-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதே வகை ரப்பரை மற்றவர்கள் செய்கிறார்கள், பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.) இது ஏன் முக்கியம் என்றால் இரண்டுக்கும் பசை வேறு. பி.வி.சி.க்குப் பாலியூரிதேன் பசை, ஹைபாலானுக்கு நியோப்ரீன் பசை. மாற்றிப் போட்டால் ஒரு மாதம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அலையில் இறக்கும் நாளில் உரிந்து வரும்.

அடுத்து அந்தத் தூக்கிக்கொண்ட ஓரம். மழுங்கிய வெண்ணெய்க் கத்தியை அதன் அடியில் விட்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தை நோக்கி மெதுவாக இழுத்துப் பாருங்கள். உரியும்போது துணியின் மேல்பூச்சே பிய்ந்து, அடியில் நூல் தெரிந்தால் நல்ல செய்தி. பசை உயிரோடு இருக்கிறது, ஏதோ அடி பட்டுத்தான் அந்த ஓரம் விட்டிருக்கிறது. அங்கேயே நிறுத்திவிடுங்கள், அதை மறுபடி ஒட்டலாம். தபால்தலை உறையிலிருந்து கழன்று வருவதுபோல் சுத்தமாக வந்து, ஒரு பக்கத்தில் மஞ்சள் தூளோ மெழுகு மாதிரிப் படலமோ நின்றால் பசை செத்துவிட்டது. அப்போது குழாயின் வேறு மூன்று இடங்களிலும் தையல் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். அங்கேயும் அப்படியே வந்தால் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை. ஒரு தையலை ஒட்டினால் அடுத்த மாதம் அடுத்தது விடும்.

துணியின் மேற்பரப்பையும் கவனியுங்கள். டர்பன் வெயிலில் மூடாமல் கிடந்த பி.வி.சி. சில வருடத்தில் தொட்டாலே கையில் ஒட்டும். பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் வெளியே கசிந்து வருவதால் அப்படி ஆகிறது. துடைத்தால் போகும், இரண்டு வாரத்தில் மறுபடி வரும். அதன்மேல் எந்தப் பசையும் நிலைக்காது. ஹைபாலான் ஒட்டாது, சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். வெளுப்பு மட்டும் என்றால் பயமில்லை, ஈரத் துணியில் போய்விடும். நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், குறிப்பாக அடிப்பக்கத்தையும் பின்கூம்பு முனைகளையும். நம் ஊரில் ரப்பர் டக்கை வேகமாக ஓட்டி மணலில் ஏற்றித்தானே கரைசேர்க்கிறார்கள். உம்கோமாஸில் அலிவால் ஷோல் என்னும் கடலடிப் பாறைத்திட்டுக்குப் போய்வரும் படகுகளின் அடியைக் குனிந்து பார்த்தால் மணல் என்ன செய்யும் என்று தெரியும்.

இப்போது காலையில் தளர்வது. அது ஓட்டையாக இருக்க வேண்டும் என்றில்லை. மாலை 27 டிகிரியில் 0.25 பார் (காற்றழுத்த அளவு) அடித்து, காலை 17 டிகிரியில் அளந்தால் 0.21 தான் காட்டும். காற்று எங்கேயும் போகவில்லை, குளிர்ந்து சுருங்கிவிட்டது. அதனால் அழுத்தமானி வைத்து ஒரே வெப்பநிலையில் 24 மணி நேரம் விட்டு அளவெடுங்கள். கையால் அமுக்கிப் பார்ப்பதை நம்பாதீர்கள். அப்படியும் குறைந்தால் பாத்திரம் கழுவும் சோப்பை ஒன்றுக்குப் பத்து தண்ணீரில் கலந்து தூரிகையால் பூசுங்கள். வால்விலிருந்து ஆரம்பியுங்கள். பழைய படகில் பாதி ஒழுகல் வால்வில்தான், அதிலும் பாதி உள்ளே இருக்கும் ரப்பர் வட்டத்தில் ஒரு மணல் பருக்கை சிக்கியதால். வால்வு சாவியால் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி மறுபடி முடுக்கினாலே நின்றுவிடும்.

ஒரே புள்ளியில் குமிழி வந்தால் ஒட்டுப் போடலாம். குழாய் முழுக்கப் பால் நுரை மாதிரி பொடிப்பொடியாக வந்தால் துணியே காற்றை விடுகிறது என்று அர்த்தம். அதற்கு உள்ளே ஊற்றிச் சுழற்றும் திரவம் கடையில் கிடைக்கும். ஒரு சீசன் ஓட்ட உதவும், அணையில் மட்டும். கடலுக்குப் போகும் படகில் அதை ஊற்றிவிட்டு நம்பிக்கொண்டிருப்பது சரியல்ல.

அறைகளைப் பிரிக்கும் நடுத்தடுப்பு விட்டிருப்பதும் உண்டு. ஓர் அறையில் பாதி அழுத்தம் மட்டும் அடித்து, பக்கத்து அறையைக் காலியாக விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். காலி அறை தானாக உப்பினால் தடுப்பு ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யக் குழாயை வெட்டித் திறக்க வேண்டும், வீட்டில் செய்யும் வேலையில்லை.

கடைசியாக டிரான்சம் மரம். எஞ்சினைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்பொத்தென்று கேட்டாலோ, போல்ட் ஓட்டையில் ஊசி எதிர்ப்பில்லாமல் இறங்கினாலோ பிளைவுட் ஊறி இற்றுவிட்டது. இறங்கி ஏறும் ஒவ்வொரு அலையிலும் எஞ்சினின் எடை முழுவதையும் தாங்குவது அந்தப் பலகைதான். இற்ற மரத்துடன் கடலுக்குப் போகாதீர்கள், அணைக்கும் வேண்டாம்.

இனி முடிவு. துணி வழவழப்பாக, ஒட்டாமல் இருந்து, பசையும் மரமும் சோதனையில் தேறினால் கிழிசலை ஒட்டுங்கள், யோசிக்கவே வேண்டாம். பி.வி.சி. பிசுபிசுத்தாலோ தையல்கள் வரிசையாக விட்டாலோ அதில் ஒரு ராண்டும் போடாதீர்கள். நடுவில் ஒரு நிலை இருக்கிறது. அடிப்பாகம் ஃபைபர் கிளாஸாக இருந்து குழாய் மட்டும் கெட்டிருந்தால், புதுக் குழாய் போட்டுத் தருபவர்களிடம் விலை கேளுங்கள். அதே அளவில், நல்ல நிலையில் உள்ள பழைய படகின் விலையில் பாதிக்குள் அடங்கினால் போடலாம், அதற்குமேல் போனால் வேண்டாம் என்பது என் கணக்கு. எஞ்சின் விலையை இதில் சேர்க்காதீர்கள், அது எப்படியும் உங்களிடமே இருக்கப்போகிறது.

ஒட்டுவது என்று ஆனால் நாளைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பசைமேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் படிந்து ஒட்டு பலவீனமாகும். டர்பனில் நவம்பர் முதல் மார்ச் வரை அதற்குக் கீழே இறங்கும் நாள் அபூர்வம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடுப்பகல் நல்லது. உள்நாட்டிலிருந்து காய்ந்த பெர்க் காற்று வீசும் நாள் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் தூசு விழாமல் கராஜுக்குள் வைத்துச் செய்யுங்கள். கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும், கரைப்பான் ஆவியும் ஹார்டனர் (பசையை இறுகவைக்கும் திரவம்) ஆவியும் நுரையீரலுக்கு ஆகாது.

12 செ.மீ. கிழிசலுக்கு வெளி ஒட்டு மட்டும் போதாது, உள்ளேயும் ஒன்று வேண்டும். உள் ஒட்டு 20க்கு 8 செ.மீ., வெளி ஒட்டு 24க்கு 12 செ.மீ. மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் தூக்கும். குழாயில் காற்றே இருக்கக்கூடாது, தட்டையான பலகைமேல் விரித்துக்கொள்ளுங்கள். பி.வி.சி.யை எம்.இ.கே. என்ற கரைப்பான் தொட்டுத் துடையுங்கள். ஹைபாலானை 80 எண் உப்புத்தாளால் மங்கலாகும்வரை தேய்த்து, பிறகு டொலுவீன் என்ற கரைப்பானால் துடையுங்கள். உள்பக்கத்தையும் இப்படியே. பழைய சிலிக்கான் பூச்சோ டயருக்குப் பளபளப்பு அடிக்கும் ஸ்ப்ரேயோ அங்கே பட்டிருந்தால் அது முழுவதும் போகும்வரை விடாதீர்கள்.

பசை இரண்டு பகுதி உள்ளதாகவே வாங்குங்கள். ஹார்டனர் பொதுவாக நூற்றுக்கு ஐந்து அளவு, அதாவது 50 மி.லி. பசைக்கு 2.5 மி.லி., ஆனால் டப்பாவில் போட்டிருப்பதே கணக்கு. ஊசி போடும் சிரிஞ்சில் அளந்தால் தவறாது. போன வருடம் திறந்த ஹார்டனர் பாட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள், காற்றின் ஈரமே அதைக் கெடுத்திருக்கும். இந்த வேலைக்கு 250 மி.லி. டப்பா தாராளம்.

ஒட்டுத் துண்டுக்கும் குழாய்க்கும் மெல்லிதாக ஒரு பூச்சு, பத்துப் பதினைந்து நிமிடம் உலரட்டும், பிறகு இரண்டாவது பூச்சு. விரல் முதுகால் தொட்டால் ஒட்டுவதுபோல் இருந்து, ஆனால் பசை விரலில் வராத நேரம் வரும். அதுதான் ஒட்டும் நேரம். உள் ஒட்டைச் சுருட்டிக் கிழிசல் வழியாக விடுவதற்குமுன், கேக் சுடும் மெழுகுத்தாள் ஒன்றை உள்ளே நுழைத்து எதிர்ச்சுவரை மூடுங்கள். இல்லாவிட்டால் ஒட்டு அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது. கிழிசலின் இரு விளிம்பும் ஒன்றையொன்று தொடும்படி சேருங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. தாள் உள்ளேயே கிடக்கட்டும், பிறகு வெளி ஒட்டு. பி.வி.சி. என்றால் ஒட்டும் தருணத்தில் ஹேர் டிரையரால் பசையைச் சூடாக்குங்கள், பிடிப்பு வெகுவாகக் கூடும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி உருளையாலோ கரண்டியின் முதுகாலோ அழுத்தித் தேயுங்கள்.

சூப்பர் க்ளூ, சைக்கிள் ட்யூப் ஒட்டு, சிலிக்கான் மூன்றையும் தொடாதீர்கள். முதலாவது காய்ந்து உடையும். இரண்டாவது பி.வி.சி.யைப் பிடிக்காது. மூன்றாவது விட்டுப்போகும் படலத்தின்மேல் பிறகு நல்ல பசையும் ஒட்டாது.

24 மணி நேரம் காற்றடிக்கவே வேண்டாம். அதன்பின் கொழகொழவென்று மட்டும் அடித்துச் சோப்புத் தண்ணீர் பூசிப் பாருங்கள். முழு அழுத்தம் ஏழு நாள் கழித்துத்தான்.

வேறு வாங்குவது என்று ஆனால் மேலே சொன்ன சோதனைகளை அந்தப் படகிலும் செய்யுங்கள், கரையோரம் அதிகம் ஓட்டுவதாக இருந்தால் ஹைபாலானையே தேடுங்கள். டிரான்சம் உயரத்தையும் அளங்கள். உங்கள் எஞ்சின் குட்டை ஷாஃப்ட் (ப்ரொப்பெல்லர் வரை இறங்கும் தண்டு) என்றால் சுமார் 38 செ.மீ., நெட்டை என்றால் சுமார் 51 செ.மீ. உயரம் தேவை. பொருந்தாவிட்டால் ப்ரொப்பெல்லர் காற்றைக் கடையும். படகுக்குச் சாம்சா (தென்னாப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படியான தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்றும், டிரெய்லருக்கு லைசென்ஸ் டிஸ்க் ஓடுகிறதா என்றும் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். பழையதைத் தூக்கிப் போடுவதற்குமுன் வால்வு, பம்ப், துடுப்பு, வளையங்களை எடுத்துவையுங்கள்.

ஒட்டிய படகுக்கு முதல் ஓட்டம் இனாண்டாவில் இருக்கட்டும், கரைக்கு அருகே, லைஃப் ஜாக்கெட்டுடன். ஹோவிக் ஊர்ப் பக்கம் உள்ள மிட்மார் அணைக்கு டிரெய்லரில் காற்றோடு இழுத்துப்போவதாக இருந்தால் கிளம்பும் முன் காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த அணை 1,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு. டர்பனில் 0.25 அடித்த குழாய் ஹோவிக் போய்ச் சேரும்போது வெயில் சேராமலே 0.37 அருகில் நிற்கும், அந்தக் கூடுதல் இழுவை முழுவதும் புது ஒட்டின் ஓரத்தில்தான் விழும்.