கிறிஸ்தவ விசுவாசத்தில் 'தன்னலமற்ற அன்பு' நடைமுறையில் எப்படி இருக்கும்?

பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கும் 'தன்னலமற்ற அன்பு' நிஜ வாழ்க்கையில் எப்படி இருக்கும், அப்படி யாராவது வாழ்ந்திருக்கிறார்களா, கடைசியில் எல்லாம் மதம் மாற்றத்தானே, மாதச் சம்பளக்காரனான நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன வயதிலிருந்து சபையிலேயே வளர்ந்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

பைபிளில் இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதை தெரிந்திருக்கும். அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, சத்திரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான் என்பதோடு பெரும்பாலான பிரசங்கங்கள் நின்றுவிடும். எனக்கு அதற்கு அடுத்த வசனம்தான் பெரிது. மறுநாள் கிளம்பும்போது சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான் (லூக்கா 10:35). எவ்வளவு ஆகும் என்று தெரியாத செலவுக்குப் பொறுப்பேற்கிறான். இரக்கப்பட்டு முதல் உதவியை யாரும் செய்துவிடலாம். அதற்குப் பிறகு வரும் சிக்கலையும் தன் தலையில் போட்டுக்கொள்பவரிடம்தான் இயேசு சொன்ன அன்பைப் பார்க்கிறேன்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின் இருவரும் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயர்கள். மகன் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1929-ல், அப்பா மலையில் காய்ச்சலில் இறந்துபோனார். அந்த மகன் அறுவைச் சிகிச்சை நிபுணராகி 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார்.

மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். வலிக்கிற அளவுக்குப் பிடி இறுகியது. அப்படியென்றால் கையில் நல்ல தசைகள் மிச்சமிருக்கின்றன. இந்தக் கைகளைச் சரிசெய்ய எந்த எலும்பு மருத்துவர் முயன்றிருக்கிறார் என்று கேட்டார். ஒருவரும் இல்லை. அன்றைக்குப் பல பொது மருத்துவமனைகளில் தொழுநோயாளிக்கு வாசலே திறக்காது. அவர்களுடைய சதை 'கெட்ட சதை', வெட்டினால் ஆறாது என்று மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்ட் நல்ல தசைநாண்களை எடுத்து, செயலிழந்த தசைகளின் வேலைக்கு மாற்றிப் பொருத்தினார். காயம் ஆறியது, விரல்கள் நிமிர்ந்தன.

இதுவரை நடந்தது முதல் உதவி. இதற்கு மேல் நடந்ததுதான் என் பதில்.

கை சரியாகிப் போனவர்களில் சிலர் முகம் வாடித் திரும்பி வந்தார்கள். விரல் மடங்கியிருந்தபோது பிச்சை விழுந்தது. இப்போது அதுவும் குறைந்துவிட்டது. தொழுநோயாளி என்று தெரிந்தால் வேலையும் கிடையாது, தங்க இடமும் கிடையாது. நான் என் வேலையைச் செய்துவிட்டேன் என்று ஒரு சர்ஜன் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரும் கூட இருந்தவர்களும் சி.எம்.சி. கல்லூரி வளாகத்திலேயே குடிசைகள் போட்டு, 'நவஜீவ நிலையம்' என்று பெயர் வைத்து, மர வேலையும் பொம்மை செய்வதும் கற்றுக்கொடுத்தார்கள்.

அங்கேயும் சிக்கல் வந்தது. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று பிராண்டால் திறக்க முடியாமல் நின்றது. பத்து வயதுப் பையன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. பையனுக்கு வலியே தெரியவில்லை. விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால்தான் அடிபட்டு அடிபட்டுத் தேய்கின்றன என்பதை இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். ராத்திரி தூங்கி எழுந்தால் சிலருக்கு விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். விழித்திருந்து பார்த்ததில், எலி வந்து கடித்துவிட்டுப் போனது தெரிந்தது. அதன் பிறகு வீட்டுக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு பூனையோடுதான் போனார்கள். ஒரு பெரிய டாக்டர் தன் நோயாளி தூங்கும்போது அவன் விரலுக்கு என்ன ஆகும் என்றுகூடக் கவலைப்பட்டாரே, இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது நிறைந்துவிடும்.

கால் புண்ணுக்கும் அப்படித்தான். எந்தச் செருப்பு போட்டால் உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வராது என்று பல வருடம் முயன்று பார்த்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்று எழுதிக்கொடுக்கிற எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பின் பின்னால் வேலூரிலும், 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் நடந்த அந்த உழைப்பு இருக்கிறது.

பிராண்ட் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு இளைஞனின் தோளில் கை வைத்து, என்ன சிகிச்சை என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவன் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டான். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டேனா என்று மொழிபெயர்த்தவரைக் கேட்டார். இத்தனை வருடத்தில் யாரும் என்னைத் தொட்டதில்லை, அதனால்தான் அழுகிறேன் என்கிறான் என்றார் அவர். மாற்கு 1:41-இல் குஷ்டரோகி முன்னால் இயேசு 'மனதுருகி, கையை நீட்டி, அவனைத் தொட்டு' அதன் பிறகுதான் சுத்தமாகு என்கிறார். முதலில் சுகமாக்கிவிட்டு அப்புறம் தொட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

இனி மதமாற்றக் கேள்வி. அரிசி மூட்டையைக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிறார்களா என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். மறைத்துப் பேச விரும்பவில்லை. அது வியாபாரம், அன்பு ஆகாது. லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள் சுகமாகிறார்கள், ஒருவன்தான் திரும்பி வந்து தேவனை மகிமைப்படுத்துகிறான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார், ஆனால் அவர்களுக்குக் கொடுத்த சுகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது அவர்களுடையது.

எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார், ஓய்வுபெற்ற நர்ஸ். பக்கத்தில் உள்ள தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவார். கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் புடவையும் கொண்டுபோக எங்களில் நிறையப் பேர் உண்டு. பிப்ரவரியிலும் ஜூனிலும் அங்கே போவது அவர்தான். முக்காலியில் உட்கார்ந்து, மடியில் பழைய துண்டை விரித்து, தண்ணீரில் ஊறிய பாதத்தை எடுத்து வைத்துக் காய்ப்பைப் பக்குவமாகத் தேய்த்து எண்ணெய் தடவுவார். ஒரு தடவை ஒரு தாத்தாவின் உள்ளங்காலில் புதுக் கொப்புளம்.

"தாத்தா, செருப்பு இல்லாம எங்க போனீங்க?"

"கோயில் பிராகாரம் சுத்தினேம்மா. அங்க செருப்பு போட முடியுமா?"

கல் தரை சுட்டது அவருக்குத் தெரியவில்லை. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலையில நடை திறந்ததும் போயிடுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள சுத்திட்டு வந்துடலாம். வந்ததும் ரெண்டு பாதத்தையும் திருப்பிப் பாருங்க, கண்ணு தெரியலைனா பேரப்பிள்ளையப் பாக்கச் சொல்லுங்க" என்றார். அந்தத் தாத்தா தன் சாமியைப் போய்க் கும்பிட வேண்டும், கால் புண்ணாகாமல் திரும்பி வர வேண்டும். அக்காவின் விசுவாசம் அதைத்தான் விரும்புகிறது. பைபிளில் யோவான் எழுதினாரே, 'வசனத்தினாலும் நாவினாலுமல்ல, கிரியையினாலும் உண்மையினாலும் அன்புகூரக்கடவோம்' என்று. அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மிஷனரியாகவோ டாக்டராகவோ ஆக வேண்டியதில்லை. உங்களைச் சுற்றி முதல் உதவி கிடைத்து, இரண்டாவது உதவி கிடைக்காமல் நிற்கிறவர் யார் என்று பாருங்கள். ஆபரேஷனுக்குப் பணம் திரட்டித் தர வாட்ஸ்அப் குழு இருக்கும். டிஸ்சார்ஜ் ஆன பிறகு பெரியாஸ்பத்திரி வரிசையில் கூட நிற்க ஆள் இருக்காது. சாவு வீட்டுக்கு ஊரே வரும். பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்தம்மாவுக்கு விதவைப் பென்ஷன் மனு எழுதித் தர ஆள் இருக்காது. இதற்கெல்லாம் வேண்டியது பெரும்பாலும் ஒரு நாள் லீவும் கொஞ்சம் பொறுமையும்தான். அவர் எந்த மதம், நன்றி சொல்வாரா என்றெல்லாம் பார்க்க வேண்டாம். கையில் உள்ள ஓ.பி. சீட்டில் அடுத்து வரவேண்டிய தேதி போட்டிருக்கும். அன்றைக்கு ஆபீசில் லீவு சொல்லிவிட்டு அவரோடு போய்விட்டு வாருங்கள்.