அமெரிக்காவில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் எம்.எஸ்.: வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். மகள் பி.இ. மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் எம்.எஸ். படிக்க அமெரிக்காவில் இரண்டு இடங்களில் அட்மிஷன் வந்திருக்கிறது. பாஸ்டனில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், அதற்கு 68 லட்சம் கடன் வேண்டும். டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம், அதற்கு 45 லட்சம். "சராசரிச் சம்பளமே ஒரு லட்சம் டாலர், இரண்டே வருடத்தில் அடைத்துவிடலாம்" என்கிறது கன்சல்டன்சி. எங்கள் கம்பெனியில் ஸ்டாப்வாட்ச்சோடு லைனில் நிற்கும் ஐ.ஈ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) பையன்கள் மாதம் 25 ஆயிரம்தான் வாங்குகிறார்கள். கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை வைக்க வேண்டும், வீட்டில் தயங்குகிறார்கள். எதை நம்புவது?

பதில்: ஐயா, இரண்டு சம்பளக் கணக்குமே உண்மை. இரண்டுமே உங்கள் மகளுக்கான எண் அல்ல.

அந்த ஒரு லட்சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்களுக்குச் சொல்லும் இடைநிலைச் சம்பளம் 2024 கணக்கில் ஒரு லட்சம் டாலரைச் சற்றுத் தாண்டுகிறது. ஆனால் அதில் 20 வருட அனுபவம் உள்ளவரும் சேர்த்திதான். விமானம், பாதுகாப்புத் தளவாடம் செய்யும் ஆலைகளும் சேர்த்திதான். இந்தத் துறைக்காரர்களை நிறைய எடுப்பது அந்த ஆலைகள். அங்கே பெரும்பாலான வேலைகளுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்பார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் பெண்ணுக்கு அந்தக் கதவு ஆரம்பத்திலேயே அடைத்துக் கிடக்கும். இன்னொன்று, அங்கே இந்த வேலைக்கு இளநிலைப் பட்டமே போதும். எம்.எஸ். படித்தவர் என்பதற்காகச் சம்பளம் எகிறிவிடாது. வெளிநாட்டு மாணவருக்கு எம்.எஸ். என்பது பாதிப் படிப்பு, பாதி அந்த ஊரில் வேலை தேட ஒரு நுழைவுச்சீட்டு. அதற்குத்தான் இவ்வளவு விலை.

ஆகவே தொடக்கச் சம்பளம் 75 ஆயிரம் டாலர் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். எஃப்-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து காலண்டர் வருடங்கள் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவம்) நிதிகளுக்கான பிடித்தம் கிடையாது. வருமான வரியும் மருத்துவக் காப்பீடும் போக மாதம் 5,000 டாலரோ கொஞ்சம் கூடுதலோ கைக்கு வரும். தோழிகளோடு பகிர்ந்த வீட்டு வாடகை, கார், கார் இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாம் 2,500 என்று வையுங்கள். மீதி 2,500.

கடன் பக்கம் வருவோம். 45 லட்சத்தை நான்கு செமஸ்டராகப் பிரித்து எடுத்து, வட்டி 10.5 சதவீதம், படிப்பு முடிந்து ஆறு மாதத்தில் தவணை ஆரம்பம் என்றால், அன்றைக்குக் கடன் 45 அல்ல, சுமார் 53 லட்சம். படிக்கும் காலத்தில் வங்கி தனிவட்டிதான் போடும், ஆனாலும் மீட்டர் முதல் நாளிலிருந்தே ஓடும். பத்து வருடத் தவணை என்றால் மாதம் 72 ஆயிரம் ரூபாய், 15 வருடம் என்றால் 59 ஆயிரம். பாஸ்டனின் 68 லட்சம் அதே கணக்கில் 80 லட்சத்தைத் தாண்டும். பத்து வருடத் தவணை ஒரு லட்சத்து எட்டாயிரத்துக்கு மேல்.

"டாலரில் சம்பாதிப்பவளுக்கு 72 ஆயிரம் என்ன பெரிய தொகை?" என்று தோன்றும். அவள் அங்கே எத்தனை காலம் இருப்பாள் என்று யார் சொல்ல முடியும்? நான் பெற்றோரிடம் கேட்பது இந்த ஒரு கேள்விதான்.

சட்டப்படி இப்போது கையில் இருப்பது 36 மாதம். ஓ.பி.டி. எனும், படித்த துறையில் வேலை பார்க்க மாணவர் விசாவிலேயே தரும் அனுமதி 12 மாதம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பு என்பதால் நீட்டிப்பு 24 மாதம். அந்த நீட்டிப்புக்கும், பணியாளரின் வேலை உரிமையைச் சரிபார்க்கும் அரசு முறையான இ-வெரிஃபையில் பதிவு செய்த முதலாளி வேண்டும். முதல் வருடத்தில் வேலையில்லாமல் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது, நீட்டிப்பையும் சேர்த்தால் மொத்தம் 150 நாள். அதற்குமேல் இருக்க எச்-1பி என்ற வேலை விசா வேண்டும். குலுக்கலில் கிடைப்பது வருடத்துக்கு 85 ஆயிரம் இடம், அதில் 20 ஆயிரம் அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கு. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். அங்கேயே இருந்துகொண்டு மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் வந்தது. டிசம்பரில் இன்னொரு விதி: குலுக்கலில் சம்பள நிலை உயர்ந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்கிறவருக்கு இது பாதகம்தான். ஓ.பி.டி.யே கூட நாடாளுமன்றச் சட்டம் அல்ல, அரசு விதி. மாற்ற நினைத்தால் மாற்றலாம்.

அதனால் எச்-1பி கிடைக்கவே கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, அந்த 36 மாதத்துக்குள் அடைபடும் கடனா என்று மட்டும் பாருங்கள். டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்தால், டெக்சாஸ் கடனை மூன்று வருடத்தில் முடிக்க மாதம் ஏறக்குறைய 1,970 டாலர் அனுப்ப வேண்டும். மீதமாகும் 2,500-க்குள் அடங்குகிறது; வேலை கிடைக்க மூன்று மாதம் தாமதமானால் இழுபறி. பாஸ்டனுக்கு மாதம் 2,970. அடங்காது. என்னைக் கேட்டால் பாஸ்டனை இன்றே விட்டுவிடுங்கள்.

கோ-ஆப் என்று படிப்புக்கிடையே முழுநேர வேலை தருவதாகச் சொல்லி ஈர்ப்பார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கான சி.பி.டி. அனுமதியில் முழுநேரமாக 12 மாதம் வேலை பார்த்துவிட்டால் ஓ.பி.டி. உரிமையே போய்விடும். இதை எந்த கன்சல்டன்சியும் தானாக எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. சேர்த்துவிட்டால் அவர்களுக்குக் கமிஷன்.

டெக்சாஸுக்கும் நான் முழுச் சம்மதம் சொல்லவில்லை. மகள் ஊர் திரும்ப நேர்ந்து, இங்கே கைக்கு மாதம் 65 ஆயிரம் வரும் வேலையில் சேர்ந்தால் 72 ஆயிரம் தவணையை யார் கட்டுவது? நீங்கள்தான். கடனை 35 லட்சத்துக்கு இறக்க முடிந்தால் பத்து வருடத் தவணை 56 ஆயிரம், 15 வருடத்துக்கு 46 ஆயிரம். கஷ்டம்தான், ஆனால் குடும்பம் முங்கிப் போகாது.

இறக்க வழி உண்டா என்றால், உண்டு. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் போட்டி முறையில் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகை பெறும் வெளியூர் மாணவருக்கு உள்ளூர்க்காரர் கட்டணமே போடலாம் என்று அந்த மாநிலச் சட்டத்தில் இடமிருக்கிறது. எல்லோருக்கும் தரமாட்டார்கள், எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஆனால் கேட்காதவருக்கு நிச்சயம் வராது. மகளே துறைக்கு மின்னஞ்சல் எழுதட்டும். அடுத்தது, படிக்கும்போதே மாதாமாதம் வட்டியைக் கட்டிவிடுவது. 45 லட்சத்துக்கு முதல் செமஸ்டரில் மாதம் 10 ஆயிரத்துக்குள், கடைசி செமஸ்டரில் 39 ஆயிரம் வரும். உங்களால் ஆனவரை கட்டுங்கள். இதற்கு வட்டியில் சலுகை தரும் வங்கிகளும் உண்டு. கட்டிய வட்டிக்கு வருமான வரியில் எட்டு வருடம் வரிக்கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். கடன் உங்கள் பெயரில் இருந்து நீங்களே கட்டினால்தான் உங்களுக்குப் பயன். அங்கே சம்பாதிக்கும் மகளுக்கு இங்கே வரி கட்டும் வருமானமே இருக்காது.

பத்திரம் வைக்க வீட்டில் தயங்குகிறார்கள் என்று புரிகிறது. அதற்காக அடமானம் கேட்காத தனியார் நிதி நிறுவனத்துக்கு ஓடாதீர்கள். அங்கே பெரும்பாலும் வட்டி இரண்டு சதவீதமாவது கூடும், நீங்கள் இணைக்கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும், தவணை தவறினால் சிபில் உங்களுடையதும் கெடும். பொதுத்துறை வங்கிக்கு மூலப்பத்திரம், வில்லங்கம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று மட்டும்: குடியிருக்கும் வீட்டுக்குப் பதில் காலி மனை இருந்தால் முதலில் அதை ஏற்பார்களா என்று கேளுங்கள்.

போகாமலே இருந்தால்? எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் புரொடக்‌ஷன் அண்ட் இண்டஸ்ட்ரியல் என்று தனித்தாளே இருக்கிறது. தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை. ஐ.ஐ.டி. பம்பாய், கரக்பூரில் இந்தத் துறை பெயர் பெற்றது. நிட்டி என்று நாம் சொல்லிவந்த மும்பை நிறுவனம் 2023-ல் ஐ.ஐ.எம். மும்பை ஆகிவிட்டது, கேட் (CAT) என்றே ஒலிக்கும் அந்த மேலாண்மைத் தேர்வு எழுதிப் போகலாம். கடன் சிறியது, கனவும் வேறு. மகள் அமெரிக்காதான் என்று உறுதியாக இருந்தால் இதை மாற்றாகச் சொல்லி அவளை நோகடிக்க வேண்டாம், தெரிந்திருக்கட்டும்.

போவதென்றால் இந்த மாதங்களை வீணாக்க வேண்டாம். முதல் கோடை இன்டர்ன்ஷிப்புக்கான கேரியர் ஃபேர், ஆகஸ்டில் போய் இறங்கிய சில வாரங்களில், செப்டம்பரிலேயே நடக்கும். பாதிப் பேருக்கு அப்போது ரெஸ்யூமே தயாராக இருக்காது. உங்கள் முதலாளியிடம் அனுமதி கேட்டு, சனிக்கிழமைகளில் அவளை ஒரு தையல் லைனில் நிறுத்துங்கள். ஒரு டி-ஷர்ட்டுக்கு ஆபரேஷன் வாரியாக எஸ்.ஏ.எம். (ஒரு வேலைக்கு நிர்ணயிக்கும் நிமிடக் கணக்கு) எடுக்கட்டும், எந்த மெஷினில் பீஸ் தேங்குகிறது என்று பார்க்கட்டும், லைன் பேலன்ஸிங்கை (வேலையை மெஷின்களுக்குச் சமமாகப் பங்கிடுவதை) எக்செலிலும் பைத்தானிலும் போடட்டும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் கூடியது என்று உங்கள் சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ளும் எண் ஒன்று அந்த ரெஸ்யூமேயின் முதல் வரியில் இருக்க வேண்டும்.